பக்கவாதத்திற்குப் பிறகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு வயது 31. அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். ஐந்து மாதங்களுக்கு முன் மூளையின் இடப்பக்க ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தது. இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறான். வலது கை ஓரளவுதான் அசைகிறது. பேச்சு திக்கித் திக்கி வருகிறது, ஆனால் நாங்கள் சொல்வது எல்லாம் புரிகிறது. சாப்பாடு ஊட்டுவது முதல் சட்டை மாட்டிவிடுவது வரை அம்மாவே செய்கிறார். அவனே செய்யட்டும் என்று சொன்னால், "உனக்கு இரக்கமே இல்லையா" என்று அழுகிறார். உறவினர்கள் புறா ரத்தம் தடவச் சொல்கிறார்கள். ஆறு மாதத்திற்குப் பிறகு முன்னேற்றம் இருக்காது என்கிறார்கள். வேலையை எழுதிக் கொடுத்துவிடலாமா என்று அப்பா கேட்கிறார்.

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

அம்மாவின் அழுகையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இந்த விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. பாதிக்கப்பட்ட கையால் ஒன்றைச் செய்ய முயன்று தோற்கும்போதெல்லாம் இன்னொரு கை வந்து அந்த வேலையை முடித்துவிட்டால், முயல்வதையே மூளை நாளடைவில் கைவிட்டுவிடுகிறது. கையில் மிச்சமிருக்கும் வலுவும் புழங்காமல் வீணாகிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் இதை ஆராய்ந்துதான், நல்ல கையைக் கட்டுப்படுத்தி வைத்துப் பலவீனமான கைக்குத் தீவிரப் பயிற்சி தரும் முறையை உருவாக்கினார். பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆனவர்களிடம் அம்முறை நல்ல பலன் தந்ததை 2006இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. மணிக்கட்டிலும் விரல்களிலும் சிறிதாவது அசைவு உள்ளவர்களுக்கே அது பொருந்தும் என்பதால், நீங்களாகக் கையைக் கட்டிப் பார்க்காமல் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும் என்பது உண்மை. ஆறாம் மாதத்தோடு அது நின்றுவிடும் என்பது உண்மையல்ல. 1996இல், தம் 37ஆம் வயதில் பக்கவாதத்துக்கு ஆளான மூளை ஆராய்ச்சியாளர் ஜில் போல்ட் டெய்லர், தாம் முழுமையாக மீள எட்டு ஆண்டுகள் ஆயின என்று சொல்லியிருக்கிறார். அவரை ஆரம்பத்திலிருந்து தேற்றியவரும் அவருடைய அம்மாதான்.

அம்மாவிடம் "செய்யாதீர்கள்" என்று சொல்வதைவிட, அவருக்கு வேறு வேலை கொடுப்பது நல்லது. சட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். தம்பி நாற்காலியில் உட்கார்ந்து, பலவீனமான வலது கையை முதலில் நுழைத்துத் தோள்வரை இழுத்துவிட்டு, பிறகு இடது கையை நுழைக்க வேண்டும்; கழற்றும்போது இடது கை முதலில் வெளியே வர வேண்டும். அம்மா பின்னால் நின்று காலரை மட்டும் பிடித்துக்கொள்ளட்டும். பொத்தான்களில் மேலே உள்ளவற்றை அவர் போடலாம், கீழே உள்ள இரண்டைத் தம்பிக்கு விட்டுவிடலாம். கால் மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்: அந்த வலது கையைப் பிடித்து இழுத்து அவரைத் தூக்கிவிடாதீர்கள், தோள்மூட்டு நழுவி வலி எடுத்தால் பயிற்சியே தடைப்பட்டுப்போகும். குளியலறையில் சுவரோரம் ஒரு கைப்பிடி, வழுக்காத தரை, உட்கார ஒரு உறுதியான நாற்காலி, அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்கக்கூடிய தாழ்ப்பாள் ஆகியவை இருந்தால் 31 வயது ஆண் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குளிக்க முடியும். அதற்கு முன் ஒரு முறை தெரபிஸ்டைக் கூட வைத்துச் செய்துபாருங்கள்.

பேச்சிலும் இதுதான் நடக்கிறது. "த... த..." என்று அவர் தொடங்கும்போதே தண்ணீர் சொம்பு வந்துவிட்டால், சொல் வெளியே வருவதற்கான தேவையே இல்லாமல் போகிறது. டிவியை அணைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். அவர் தவித்துப்போனால் மட்டும், "தண்ணியா, காபியா?" என்று இரண்டைச் சொல்லித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பேச்சு வராத பலருக்கும் பழகிய பாட்டின் வரிகளும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதும் சரளமாக வருவதுண்டு. இதைப் பயன்படுத்திக்கொள்ளும் பயிற்சிகளும் இருக்கின்றன, ஸ்பீச் தெரபியை விட்டுவிடாதீர்கள். அவர் சீக்கிரம் களைத்துப்போவதைச் சோம்பல் என்று எண்ண வேண்டாம், அது இந்த நோயின் பகுதி. முகம் வாடியே இருந்தால், சாப்பாட்டிலும் மனிதர்களிலும் நாட்டமில்லாமல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பக்கவாதத்திற்குப் பின் மனச்சோர்வு மிகப் பலருக்கு வருகிறது, அதற்கு மருந்து உண்டு.

புறா ரத்தம் வேண்டவே வேண்டாம், அதனால் எந்தப் பயனும் இல்லை. இந்த வயதில் அடைப்பு ஏன் வந்தது என்பதை இதயம், கழுத்து ரத்தக்குழாய், ரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றைச் சோதித்துக் கண்டறிந்தார்களா என்று கேளுங்கள். மறுபடி வராமல் தடுக்கும் மாத்திரைகளை நாள்வாரியாகப் பெட்டியில் பிரித்து அவர் பொறுப்பிலேயே விடுங்கள், வேளை தப்பாமல் எடுத்தாரா என்று மட்டும் பாருங்கள். தொடர்ந்து மருத்துவமனைக்குப் போவது சிரமமாக இருந்தால், 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

வேலையை எழுதிக் கொடுக்கவே கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளியாகும் அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பழைய பணியைச் செய்ய இயலாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் உடனே இல்லையென்றால் அவருக்கெனக் கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். தானாக ராஜினாமா செய்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். ஆகவே இப்போதைக்கு மருத்துவ விடுப்பை நீட்டித்து, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அந்தப் படிவத்தில் கையெழுத்தை அவரே இடது கையால் போடட்டும். வேலைக்குத் திரும்ப விருப்பமா என்பதையும் அப்பாவைக் கேட்காமல் அவரையே கேளுங்கள். அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை வீட்டில் வேறு யாரும் வாய் திறக்காதீர்கள்.