கார்பன் சைக்கிளுக்காக எஃப்டிய உடைக்கலாமா?

கேள்வி: சார் வணக்கம். எனக்கு வயசு 36, சொந்த ஊர் வாணியம்பாடி, இப்ப பெங்களூர் ஜே.பி.நகர்ல வாடகை வீட்ல இருக்கோம், நான், மனைவி, யூகேஜி படிக்கிற பொண்ணு. கைக்கு வர்ற சம்பளம் 88,000. வாடகை 24,000, ஊர்ல அப்பா அம்மாவுக்கு 15,000, வீட்டுச் செலவு 26,000, எஸ்ஐபி 8,000, இதெல்லாம் போக மாசம் 15,000 மிஞ்சும். எஃப்டியில 1,60,000 இருக்கு, சேவிங்ஸ்ல தனியா 45,000 சேர்த்து வெச்சிருக்கேன். ஆபீஸ் நண்பர்களோட ஞாயித்துக்கிழமை துரஹள்ளி காட்டுப் பக்கம் பழைய சைக்கிள்ல போயிட்டு இருந்தேன், இப்ப நல்லதா ஒரு எம்டிபி, அதான் மவுண்டன் பைக், வாங்கணும். கடையில கார்பன் ஃபிரேம் ஹார்ட்டெயில் (முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்கறது) 1,90,000 சொல்றாங்க, 11.4 கிலோ, 12 மாச நோ காஸ்ட் இஎம்ஐ இருக்காம், மொத்தமா கட்டினா 1,76,000க்கு தர்றாங்களாம். அலுமினியம் ஃபிரேம்ல 13.8 கிலோவுல ஒண்ணு 74,000. ஸ்டீல்ல, குரோமோலி ஃபிரேம்னு, ஒண்ணு 86,000. ஆபீஸ்ல ஒருத்தர் அவரோட பழைய டைட்டானியம் எம்டிபிய 1,10,000க்கு தர்றேங்கறார், 26 இஞ்ச் வீல். ஃபிரேம்ங்கிறது ஒரு தடவை பண்ற இன்வெஸ்ட்மெண்ட், கார்பன் வாழ்நாள் முழுக்க வரும்னு எல்லாரும் சொல்றாங்க. எஃப்டிய உடைச்சாவது வாங்கிடலாமா, இல்ல இஎம்ஐ போடலாமா? என் எடை 82 கிலோ.

பதில்: தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஞாயித்துக்கிழமை விடியக்காலைல எழுந்து சைக்கிள் எடுத்துட்டு காட்டுக்குப் போறதுக்கு காசு செலவு பண்றது தப்பே இல்ல, தாராளமா வாங்குங்க. ஆனா "இன்வெஸ்ட்மெண்ட்"ங்கிற வார்த்தைய மட்டும் விட்டுடுங்க. இன்வெஸ்ட்மெண்ட்னா நாளைக்கு திரும்பி வரணும், இது கடைய விட்டு வெளிய வந்த நிமிஷத்துல இருந்து விலை இறங்கற பொருள், அதுலயும் கார்பன் செகண்ட் ஹேண்ட்ல இன்னும் வேகமா இறங்கும், ஏன்னா உள்ள கிராக் இருக்குமோன்னு வாங்கறவனுக்கு பயம். இத செலவுன்னு எழுதுங்க, சந்தோஷத்துக்கான செலவு, அப்பதான் எவ்வளவு தாங்கும்னு ஒழுங்கா கணக்கு வரும்.

கடைக்காரர் உங்ககிட்ட எடையப் பத்திதான் பேசியிருப்பார், அதயே முதல்ல பாத்துடுவோம். ரெண்டு சைக்கிளுக்கும் வித்தியாசம் 2.4 கிலோ. ஆனா மலை ஏறும்போது சைக்கிள் மட்டுமா ஏறுது, நீங்களும் சேர்ந்துதான ஏறறீங்க, 82ம் 13.8ம் சேர்ந்தா 95.8, கார்பன்ல 93.4. ரெண்டரை சதவீதம்தான் வித்தியாசம். நந்தி ஹில்ஸ் ஒரு மணி நேரத்துல ஏறறவருக்கு அதிகபட்சம் ஒன்றரை நிமிஷம் மிச்சமாகும். இதுக்கு நீங்க அதிகமா கொடுக்கறது 1,16,000, மொத்தமா கட்டினாகூட 1,02,000. அந்த 2.4 கிலோவும் ஃபிரேம்ல இருந்து வர்றதும் இல்ல, ஹார்ட்டெயில்ல அலுமினியம் ஃபிரேமுக்கும் கார்பன் ஃபிரேமுக்கும் பெரும்பாலும் அரை கிலோல இருந்து முக்கா கிலோதான் வித்தியாசம் இருக்கும், மிச்சமெல்லாம் ஃபோர்க் (முன் வீல பிடிச்சிருக்கிற சஸ்பென்ஷன்), வீல், டயர், கிராங்க் (பெடல் மாட்டற கை). காயில் ஸ்பிரிங் ஃபோர்க்க மாத்தி ஏர் ஃபோர்க் போட்டாலே முக்கா கிலோ பக்கம் குறையும், அத ரெண்டு வருஷம் கழிச்சு பொறுமையா பண்ணிக்கலாம். ரேஸ்ல ஓடறவங்களுக்கு ஒன்றரை நிமிஷம் பெரிய விஷயம், உங்களுக்கு அந்த 1,16,000 பெரிய விஷயம்.

"கார்பன் வாழ்நாள் முழுக்க வரும்"ங்கறதுல உண்மை இல்லாம இல்ல. ஓட்டி ஓட்டி வர்ற தேய்மானம், திரும்பத் திரும்ப வர்ற அதிர்ச்சி, இதெல்லாம் கார்பன் ஃபைபர் ரொம்ப நல்லா தாங்கும், அந்த ஒரு விஷயத்துல அலுமினியத்த விட மேல. அலுமினியத்துக்கு ஃபட்டீக் லிமிட்னு ஒண்ணு கிடையாது, அதாவது சின்னச் சின்ன பாரமானாலும் போதுமான தடவை விழுந்துட்டே இருந்தா என்னைக்காவது கிராக் வரத்தான் செய்யும், ஸ்டீலும் டைட்டானியமும் ஒரு அளவுக்குக் கீழ எத்தன தடவை பாரம் வந்தாலும் தாங்கிக்கும். இத மட்டும் படிச்சுட்டு நிறைய பேரு அலுமினியம்னா பயப்படறாங்க. ஆனா ஃபிரேம் செய்யறவன் அத தெரிஞ்சுதான் குழாய தடிமனா, பெருசா வைக்கறான், வாரம் ஒரு நாள் ஓட்டற உங்களுக்கு பல வருஷம் பிரச்சனை வராது.

கார்பனுக்கு பிரச்சனை அடி. நீங்க போற இடம் துரஹள்ளி, அங்க பூரா கல்லும் பாறையும்தான, முன் வீல் கிளப்பி விடற கல் டவுன் டியூப்ல, அதாவது ஃபிரேமோட கீழ்க் குழாய்ல, வந்து மோதும், இல்ல சைக்கிள் சாஞ்சு பாறை முனையில டாப் டியூப், அதாவது மேல் குழாய், இடிக்கும். அலுமினியம்னா நசுங்கும், கண்ணுல தெரியும். கார்பன்ல மேல பெயிண்ட்ல ஒரு நகக்கீறல் மாதிரி இருக்கும், உள்ள அடுக்கடுக்கா ஒட்டியிருக்கிற ஃபைபர் பிரிஞ்சு போயிருக்கும். ஒரு ரூபா காயின எடுத்து ஃபிரேம் மேல மெதுவா தட்டிட்டே போனா நல்ல இடத்துல "டிக் டிக்"னு கூர்மையா சத்தம் வரும், பிரிஞ்ச இடத்துக்கு வரும்போது சத்தம் மந்தமாயிடும், குழாயோட தடிமன் மாறற இடத்துலயும் சத்தம் மாறும்ங்கறதால பழகின கைதான் சரியா சொல்லும். என்கிட்ட ஆலோசனைக்கு வர்ற ஒரு தம்பி இப்படித்தான் செயின்ஸ்டேல (பெடல் பக்கத்துல இருந்து பின் வீலுக்குப் போற குழாய்) ஒரு கீறல் வெச்சுக்கிட்டு சாதாரண கீறல்னு ஓட்டிட்டே இருந்தார், காயின் வெச்சுத் தட்டிப் பாத்தப்பதான் விரல் நீளத்துக்கு மந்தமா சத்தம் வந்துச்சு. வாரண்டி கிடைக்கல, ஏன்னா வாரண்டிங்கிறது தயாரிப்புல வர்ற குறைக்குத்தான், நீங்க விழுந்ததுக்கு இல்ல. சில கம்பெனி முதல் ஓனருக்கு கிராஷ் ரீப்ளேஸ்மெண்ட்னு தள்ளுபடியில புது ஃபிரேம் தருவாங்க, அதுவும் சும்மா இல்ல. கார்பன் ரிப்பேர் பண்ணலாம், நல்லா பண்றவங்க இருக்காங்க, ஆனா அதுக்கும் காசு, அது முடியற வரைக்கும் சைக்கிளும் இல்ல.

நான் ஃபிரேம் மெட்டீரியல் கேக்கறவங்ககிட்ட எல்லாம் இதத்தான் திருப்பிக் கேப்பேன்: நாளைக்கே விழுந்து ஃபிரேம் போச்சுன்னா, எமர்ஜென்சி பணத்துல கை வைக்காம, வீட்ல வாய்ச்சண்டை வராம, புதுசா ஒண்ணு வாங்க முடியுமா? முடியும்னா அந்த மெட்டீரியல் உங்களுக்கானது, முடியாதுன்னா அது எவ்வளவு நல்ல மெட்டீரியலா இருந்தாலும் உங்களுக்கானது இல்ல. உங்க கணக்குல கார்பன் இதுல நிக்கல.

இஎம்ஐ விஷயத்த கொஞ்சம் உக்காந்து பாப்போம், இதுலதான் நிறைய பேரு ஏமாறறாங்க. நோ காஸ்ட்னு ஒண்ணு கிடையாது, ஜீரோ பெர்சென்ட் வட்டிங்கிற பேச்சே சரியில்லன்னு ரிசர்வ் பேங்க் 2013லயே பேங்குகளுக்கு சொல்லிடுச்சு. மொத்தமா கட்டினா 1,76,000, இஎம்ஐன்னா 1,90,000, அந்த 14,000தான் வட்டி, பேர மாத்தி வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். வருஷத்துக்கு 15 சதவீத வட்டிக்கு கணக்கு போட்டா கிட்டத்தட்ட அதேதான் வருது. இதுக்கு மேல அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, சுமார் 2,500 ரூபா, உங்க கார்ட் ஸ்டேட்மெண்ட்ல மாசா மாசம் சின்னச் சின்னதா வரும், அப்புறம் ப்ராசஸிங் ஃபீ. மாச தவணை 15,833. உங்களுக்கு மிஞ்சறது 15,000. ஆக முதல் மாசத்துலயே எஸ்ஐபிய நிறுத்தணும் இல்ல கார்ட்ல மினிமம் கட்டணும், கார்ட்ல பாக்கி விட்டா மாசம் மூணு, மூணே முக்கா சதவீதம்னு ஏறும், வருஷத்துக்கு 36ல இருந்து 45 வரைக்கும் போகும். வேண்டாம் தம்பி.

எஃப்டிய தொடவே தொடாதீங்க. வாடகை, ஊருக்கு அனுப்பறது, வீட்டுச் செலவு சேர்ந்து மாசம் 65,000, ஆறு மாசத்துக்கு 3,90,000 கையில இருக்கணும், இருக்கறது 1,60,000. இப்பவே 2,30,000 குறையுது. இந்த ஊர்ல ஒருத்தர் சம்பளத்துல குடும்பம் ஓடும்போது, வேலை போச்சுன்னா அடுத்தது கிடைக்க மூணு நாலு மாசம் ஆகறத நான் நிறைய வீட்ல பாத்துட்டேன், அந்த நேரத்துல பொண்ணோட ஸ்கூல் ஃபீஸும் வந்து நிக்கும்.

டைட்டானியம் பத்தி: ரொம்ப நல்ல உலோகம், துரு பிடிக்காது, ஃபட்டீக் பிரச்சனை கம்மி, ஓட்டவும் சுகமா இருக்கும், காசு இருக்கறவங்க புதுசா வாங்கினா நான் தடுக்க மாட்டேன். ஆனா அந்த நண்பரோடத வாங்காதீங்க. ஃபிரேம் நூறு வருஷம் வரலாம், அதுல மாட்டற சாமான் வராதே. 26 இஞ்ச் போய் இப்ப எங்க பாத்தாலும் 29, பின் ஹப் (வீலோட நடுப்பகுதி) 135 மில்லிமீட்டர் க்விக் ரிலீஸ்ல இருந்து 142, 148ன்னு த்ரூ ஆக்ஸிலுக்கு (ஹப்புக்கு உள்ள ஊடுருவிப் போற தடிமனான அச்சு) மாறிடுச்சு, ஃபோர்க் குழாய் நேரா இருந்தது போய் டேப்பர்ட், அதாவது கீழ பருத்து மேல சிறுத்து, ஆயிடுச்சு. அந்த ஃபிரேமுக்கு ஒரு நல்ல ஃபோர்க் தேடறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். அதோட கம்பெனி வாரண்டி பொதுவா முதல் ஓனரோட முடிஞ்சிடும், டைட்டானியம் வெல்டிங்குக்கு உள்ளயும் வெளியயும் ஆர்கான் கேஸ் விட்டு பண்ணணும், எல்லாரும் பண்ற வேலை இல்ல.

ஸ்டீல் எனக்கு மனசுக்குப் பிடிச்சது. குரோமோலி, 4130ன்னு போட்டிருப்பாங்க, எடை கூட இருந்தாலும் கிராக் வந்தா ஒட்டலாம். பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல டிக் வெல்டிங் நல்லா பண்றவங்க இருக்காங்க, ஆனா குழாய் ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மியான தடிமன், கேட்டுக்கு பண்ற மாதிரி ஆர்க் வெல்டிங் வெச்சா ஓட்டை விழுந்துடும், மெல்லிசு குழாய் பழக்கம் இருக்கறவங்ககிட்டதான் கொடுக்கணும். மழைல போயிட்டு வந்தா சீட் போஸ்ட்ட கழட்டி தலைகீழா வெச்சு தண்ணிய வடிய விடணும், இல்லன்னா உள்ளேர்ந்து துரு பிடிக்கும். சாமான் கட்டிக்கிட்டு நாலு நாள் சக்லேஷ்பூர் பக்கம் போற ஆசையெல்லாம் இருந்தா 12,000 கூட கொடுத்து இத வாங்கலாம். அப்படி எதுவும் நீங்க எழுதல.

அதனால அலுமினியம் வாங்குங்க. ஆனா எந்த அலுமினியம்ங்கறத பாத்து வாங்குங்க, 6061ஆ 7005ஆன்னு அலாய் நம்பர் ஸ்டிக்கர பாத்து மண்டைய குழப்பிக்க வேண்டாம், டேப்பர்ட் ஹெட் டியூப் (ஃபோர்க் நுழையற முன் குழாய்) இருக்கா, பின்னாடி த்ரூ ஆக்ஸில் இருக்கா, ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கா, 2.4 இஞ்ச் டயர் உள்ள போக இடம் இருக்கா, இத கேளுங்க. இது நாலும் இருந்தா அந்த ஃபிரேம்ல பின்னாடி எந்த நல்ல ஃபோர்க்கும் வீலும் மாட்டிக்கலாம், இல்லாத ஃபிரேம்னா ரெண்டு வருஷத்துல முழு சைக்கிளையே மாத்தணும், அப்ப 74,000 வீண். அலுமினியம் முரட்டுத்தனமா குலுக்கும்னு சொல்வாங்க, தடி டயர் எம்டிபியில அது பெரும்பாலும் டயர்ல அடங்கிடும், டியூப்லெஸ் பண்ணி காத்த 25 பிஎஸ்ஐ பக்கம் வெச்சுப் பாருங்க, லட்ச ரூபா கொடுத்து வாங்கற சுகத்துல பாதி அங்கயே கிடைச்சிடும்.

எப்ப வாங்கறதுன்னா, மூணு மாசம் கழிச்சு. கையில 45,000, மாசம் 15,000 வீதம் மூணு மாசத்துக்கு 45,000, மொத்தம் 90,000. சைக்கிள் 74,000 போக மிச்சம் 16,000ல நல்ல ஹெல்மெட், முட்டி பேட், டியூப்லெஸ், ஒரு ஃப்ளோர் பம்ப். அதுக்கு அப்புறம் அந்த 15,000 அப்படியே எஃப்டிக்குப் போகட்டும், ஒரு 16 மாசத்துல 3,90,000 வந்துடும். ஆபீஸ் மெடிக்கல் இன்சூரன்ஸ் மட்டும்தான் இருக்குன்னா தனியா ஒரு பர்சனல் ஆக்ஸிடெண்ட் பாலிசி எடுங்க, பிரீமியம் பெருசா வராது, சைக்கிள்ல விழுந்து கை உடைஞ்சு ரெண்டு மாசம் சம்பளம் இல்லாம போறதுதான் ஃபிரேம் உடையறத விட பெரிய நஷ்டம். எடுக்கும்போது அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ்னு விலக்கு எப்படி எழுதியிருக்குன்னு படிச்சுட்டு எடுங்க. மெடிக்கல் பாலிசியில பொதுவா தொழில்முறையா ஆடறவங்களத்தான் விலக்கி வெச்சிருப்பாங்க, ஆக்ஸிடெண்ட் பாலிசியில வாசகம் கம்பெனிக்கு கம்பெனி மாறும்.

கடையில விலை பேசும்போது ஒண்ணு, சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22ல இருந்து 12ல இருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. பழைய ஸ்டாக்க பழைய ஸ்டிக்கர் விலைக்கே தள்ளப் பாப்பாங்க, பில்லுல எத்தன சதவீதம்னு கேட்டு வாங்குங்க. இறக்குமதி சைக்கிள்னா கஸ்டம்ஸ் டியூட்டி வேற, 2023 பட்ஜெட்ல அத 30 சதவீதத்துல இருந்து 35 ஆக்கினாங்க, அந்த கார்பன் சைக்கிள் வெளிநாட்ல இருந்து வந்ததுன்னா அந்த 1,90,000ல அதுவும் சேர்ந்துதான் இருக்கும்.

பாட்டம் பிராக்கெட்டுக்கு (பெடல் அச்சு சுத்தற இடம்) அடியில ஃபிரேம் நம்பர் அடிச்சிருக்கும், அத பில்லுல எழுதச் சொல்லுங்க, வாரண்டிக்கும் அதுதான், தொலைஞ்சா போலீஸ்ல கொடுக்கறதுக்கும் அதுதான். மாசம் ஒரு தடவை கழுவும்போது ஹெட் டியூபும் டவுன் டியூபும் சேர்ற வெல்டிங், பாட்டம் பிராக்கெட் சுத்தி, செயின்ஸ்டே, இந்த மூணு இடத்துலயும் பெயிண்ட்ல முடி மாதிரி கோடு விழுந்திருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, இருந்தா அன்னைக்கே ஓட்டறத நிறுத்திட்டு பில்லோட கடைக்குப் போயிடுங்க.