ஹோமா இறங்கியது, சர்க்கரை ஏறியது: எதை நம்புவது?

கேள்வி: எனக்கு வயது 56. டைப் 2 சர்க்கரை வந்து 9 வருஷம். இரண்டு வருஷத்துக்கு முன் சென்னையில் மகள் வீட்டில் இருந்தபோது இன்சுலின் எதிர்ப்பு டெஸ்ட் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 132, இன்சுலின் 16.5, ஹோமா 5.4. இந்தத் தை மாதம் பழநிப் பாதயாத்திரை முடித்து ஊர் திரும்பிய மறுநாள் காரைக்குடியில் எடுத்தேன். சர்க்கரை 168, இன்சுலின் 7.2, ஹோமா 3.0. எதிர்ப்பு பாதியாகக் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டால், மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 7.2-லிருந்து 8.6 ஆகியிருக்கிறது. பத்தியம் ஒன்றும் இருக்காமலே ஆறு மாதத்தில் எடை 68 கிலோவிலிருந்து 64 ஆகிவிட்டது. மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும், ஒரு வருஷமாகக் காலையில் கிளிமிபிரைடு 1 மி.கி. முடி கொட்டுவதற்கு ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறேன். டிரைகிளிசரைடு 210, எச்டிஎல் 38. எதிர்ப்பு குறைந்தால் சர்க்கரையும் குறைய வேண்டாமா? எதை நம்புவது?
– ஒரு ஆச்சி, தேவகோட்டை

பதில்:

அன்புள்ள ஆச்சி, மூன்று மாதச் சராசரியை நம்புங்கள். ஹோமா 3.0 நல்ல செய்தி இல்லை. உங்களுக்கு எதிர்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை, இன்சுலின் குறைந்ததாகத் தெரிகிறது. அந்த இன்சுலின் எண்ணிலும் சந்தேகத்துக்கு இடம் இருப்பதால், இன்னொரு முறை ஒழுங்காக எடுத்துப் பார்க்க வேண்டும்.

இன்சுலின் இருந்தும் உடம்பு அதற்குச் சரியாக மசியாததைத்தான் எதிர்ப்பு என்கிறோம். அதை மதிப்பிடும் ஹோமா ரத்தத்தில் அளந்த பொருள் இல்லை, கணக்குப் போட்டு எடுத்த எண். 1985-ல் ஆக்ஸ்ஃபோர்டில் உருவான சூத்திரம் அது: வெறும் வயிற்றுச் சர்க்கரையை இன்சுலினால் பெருக்கி 405-ஆல் வகுக்க வேண்டும். 132-ஐ 16.5-ஆல் பெருக்கி வகுத்தால் 5.4. 168-ஐ 7.2-ஆல் பெருக்கி வகுத்தால் 3.0. பெருக்கும் எண்களில் ஒன்று பாதிக்கும் கீழே போய்விட்டால், மற்றது ஏறினாலும் விடை இறங்கத்தான் செய்யும்.

மாடித் தொட்டிக்குப் போகிற குழாயில் அடைப்பு இருந்தால் மோட்டார் கூடுதல் நேரம் ஓடும், கரண்ட் பில் ஏறும். அந்த மோட்டாரே தேய்ந்து அடிக்கடி நின்றுபோனால் பில் குறையும். அதைப் பார்த்து அடைப்பு போய்விட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம். சர்க்கரை நோயின் முதல் வருஷங்களில் கணையம் இன்சுலினை அள்ளிக் கொட்டி எதிர்ப்பைச் சமாளிக்கும். வருஷங்கள் போகப்போக, அதில் இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்கள் களைத்துப்போகும். அந்தக் கட்டத்தில் ஹோமா தானாகவே இறங்கும். நாள்பட்ட சர்க்கரைக்காரர்கள் இந்த ஒரு எண்ணை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்பது இதனால்தான். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கோ இந்தக் கணக்கே பொருந்தாது, ஊசியில் போன இன்சுலினும் அளவில் கலந்துவிடும்.

அதே இரண்டு எண்களை வைத்துக் கணையத்தின் சுரப்பையும் கணக்கிடலாம். இன்சுலினை 360-ஆல் பெருக்கி, சர்க்கரையில் 63-ஐக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். ஆரோக்கியமான இளம் வயதுக்காரருக்கு 100 சதவீதம் என்று வைத்து அமைத்த கணக்கு இது. உங்களுக்கு அன்று 86 சதவீதம், இன்று சுமார் 25. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டிச் சுரக்க வைக்கிற மாத்திரை. அதைச் சேர்த்த பிறகு இன்சுலின் ஏறியிருக்க வேண்டும், இறங்கியிருக்கிறது. இதைத்தான் உங்கள் டாக்டர் முதலில் கவனிக்க வேண்டும்.

எதிர்ப்பு போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை. ரத்தக் கொழுப்பான உங்கள் டிரைகிளிசரைடை, நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல்லால் வகுத்தால் 5.5 வருகிறது. 3-க்கு மேல் போனாலே எதிர்ப்பைச் சந்தேகிக்கலாம். கண்ணாடியில் பிடரியைப் பாருங்கள். தோல் கறுத்து, வெல்வெட் போலத் தடித்து, ஓரங்களில் சின்னச் சின்ன மரு தொங்கினால் அது எதிர்ப்பின் அடையாளம். நம் பக்கத்தில் செயின் உரசிக் கறுத்துவிட்டது என்று சொல்லிக் கடலைமாவு போட்டுத் தேய்ப்பார்கள். தேய்த்துப் போகிற கறுப்பு இல்லை அது. அக்குளிலும் அதே கறுப்பு இருந்தால் செயினைக் குற்றம் சொல்ல வழியே இல்லை.

இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள். பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் அளந்தால் தவறாக வரும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் தையல் டேப்பைச் சுற்றி, இறுக்காமல், மூச்சை விட்டு முடிக்கிற நேரத்தில் படியுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. வரம்பு. நம் ஆட்களுக்குக் கை கால் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடும். சென்னையில் டாக்டர் வி. மோகன், டாக்டர் ஆர்.எம். அஞ்சனா குழுவினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில் இந்திய டைப் 2 நோயாளிகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். இன்சுலின் எதிர்ப்பும் பற்றாக்குறையும் சேர்ந்தே இருப்பது அதில் ஒரு வகை. உங்கள் எண்கள் அந்தப் பக்கம்தான் சாய்கின்றன.

இப்போது அந்த இன்சுலின் 7.2. முதல் சந்தேகம் முடி மாத்திரை மேல். அதில் பெரும்பாலும் பயோட்டின் என்கிற வைட்டமின் 10 மி.கி. வரை இருக்கும். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம்தான், மாத்திரையில் இருப்பது முந்நூறு மடங்குக்கும் மேல். இன்சுலின் அளக்கிற இயந்திரங்கள் சிலவற்றில் பயோட்டினையே ஒட்டுப் பசை போலப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் அந்த ஒட்டு சரியாகப் பிடிக்காது, இன்சுலினும், அதோடு சேர்ந்து கணையம் விடுகிற சி-பெப்டைடும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். தைராய்டு டெஸ்ட்டில் டிஎஸ்எச்சும் இப்படியே பொய்யாகக் குறையும். உங்கள் லேபின் இயந்திரத்துக்குப் பயோட்டின் தொந்தரவு உண்டா என்று கேளுங்கள், சொல்லத் தெரியாவிட்டால் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பாதயாத்திரை. நாள் முழுக்க நடந்த தசை, இன்சுலின் அதிகம் கேட்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். கடைசி நடைக்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் இது நீடிக்கும். நீங்கள் மறுநாளே ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள். வழியில் அன்னதானச் சாப்பாடு, தூக்கக்குறைவு, கால் வலி எல்லாம் சேர்ந்து அந்த வாரம் உங்கள் வழக்கமான வாரமே இல்லை.

மூன்றாவது, லேப். இன்சுலின் டெஸ்ட்டுக்கு எல்லா லேபுக்கும் பொதுவான ஒரே அளவுகோல் கிடையாது. சென்னை எண்ணையும் காரைக்குடி எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே கொஞ்சம் ஆபத்து. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துபோனால் அவற்றுக்குள் இருக்கிற நொதி இன்சுலினைச் சிதைத்துவிடும். மாதிரியை எடுத்த இடத்திலேயே சுழற்றிப் பிரிக்காமல் வெயிலில் மதுரைக்கு அனுப்பினாலும் எண் குறையும்.

மறுபடி எடுக்கும்போது ஹோமாவைத் துரத்த வேண்டாம். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சி-பெப்டைடும் ஒரே நேரத்தில், ஒரே ஊசியில் எடுங்கள். கணையம் ஒரு இன்சுலின் மூலக்கூறை விடும்போது கூடவே ஒரு சி-பெப்டைடையும் விடும். இன்சுலினில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொள்ளும், சி-பெப்டைடை அப்படி எடுக்காது. அதனால் சொந்தச் சுரப்பைக் காட்ட அதுதான் நம்பகமானது. சிறுநீரகம் பழுதாக இருந்தால் மட்டும் அது ரத்தத்தில் தேங்கிக் கூடுதலாகக் காட்டும். கிரியாட்டினினும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது அதற்காக.

யாத்திரை முடிந்து இரண்டு வாரமாவது போகட்டும். முடி மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். சர்க்கரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். முந்தின மூன்று நாளும் வழக்கமான சாப்பாடே சாப்பிடுங்கள். ரிப்போர்ட் நன்றாக வரட்டும் என்று சோற்றைக் குறைத்தால் அது நமக்கு நாமே செய்துகொள்ளும் கெடுதல். இரவு எட்டரைக்குள் சாப்பிட்டு முடித்து, காலை ஏழுக்கு லேபில் இருங்கள். நடுவில் தண்ணீர் மட்டும், காபி கூடாது. கிளிமிபிரைடைக் கையில் எடுத்துப் போய், ரத்தம் கொடுத்த பிறகு இட்லியோடு சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் அதைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். சர்க்கரைக்கான ரத்தத்தைச் சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுக்கிறார்களா என்று பாருங்கள். மருந்து போடாத குழாயில் சும்மா வைத்திருந்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையை ரத்தமே தின்றுவிடும். காய்ச்சல், பல் வீக்கம், ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது இருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். சி-பெப்டைடுக்குப் பல லேபுகள் 1.1 முதல் 4.4 வரை சரியான அளவு என்று அச்சிடும். அது சர்க்கரை சரியாக இருப்பவருக்கு. சர்க்கரை 168-ல் நிற்கும்போது 1.3 வந்தால் தாளில் சரி என்று இருக்கும், உண்மையில் பற்றாது. அவ்வளவு சர்க்கரைக்கு நல்ல கணையம் அதைவிட அதிகம் சுரந்திருக்க வேண்டும். 3, 4 என்று வந்தால் எதிர்ப்புதான் முன்னால் நிற்கிறது, பழைய இன்சுலின் 7.2 பொய்யான எண் என்று ஆகும். 0.6-க்கும் கீழே வந்தால் கடுமையான பற்றாக்குறை, இன்சுலின் ஊசி பற்றிப் பேச வேண்டிய நேரம். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: வாரக்கணக்கில் ஏறி நிற்கிற சர்க்கரையே பீட்டா செல்லை மந்தமாக்கும். சில வாரம் சர்க்கரையை இறக்கிவிட்டு எடுத்தால் சுரப்பு ஓரளவு மீண்டிருப்பதும் உண்டு. ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள்.

மூன்று மாதச் சராசரி 8.6 என்றால் நாள் முழுக்கச் சராசரி சுமார் 200. வெறும் வயிற்றில் 168, அப்படியானால் சாப்பாட்டுக்குப் பிறகு 200-ஐத் தாண்டுகிறது. ஹீமோகுளோபினையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், இரும்புச்சத்துக் குறைவில் இந்தச் சராசரி கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் மூன்று நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னும், முதல் கவளத்திலிருந்து சரியாக 2 மணி நேரம் கழித்தும் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். 180-க்குள் இருக்க வேண்டும். நாலாம் நாள் இடைப்பலகாரத்துக்கு இதையே செய்யுங்கள். வெள்ளைப் பணியாரம் மூன்று என்ன செய்கிறது என்று மீட்டரே சொல்லும். கவுனி அரிசி சுகருக்கு நல்லது என்று நம்பி ஒரு கிண்ணம் சாப்பிடுகிறவர்கள் அதற்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். நாம் கிண்டுகிற கவுனி, சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் சேர்ந்த இனிப்பு, அரிசியின் நிறத்தால் அது மாறிவிடாது.

எதிர்ப்பைக் குறைக்கப் பாதயாத்திரை வரை போக வேண்டாம். சாப்பிட்டவுடன் 15 நிமிஷ நடை, மூன்று வேளையும். வெயிலோ மழையோ என்றால் முகப்பிலிருந்து பின்கட்டு வரை வளவைச் சுற்றி நடந்தாலே போதும். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது ஒரு தடவைக்கு 10, தினம் இரண்டு தடவை. தசை கரையாமல் இருக்க இது நடையைவிட முக்கியம். இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விட்டால் கிடைத்த பலன் போய்விடும்.

எல்லாவற்றையும்விட அவசரம், அந்த 4 கிலோ. முயற்சி செய்யாமல் எடை இறங்குவது இன்சுலின் பற்றாததால் இருக்கலாம். கணையத்திலேயே வேறு கோளாறாகவும் இருக்கலாம், 50 வயதுக்கு மேல் சர்க்கரை திடீரென்று கெட்டு எடையும் குறைந்தால் அதையும் பார்த்தே ஆக வேண்டும். மறு டெஸ்ட்டுக்கு இரண்டு வாரம் இருக்கிறதே என்று காத்திருக்காமல் இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். வயிற்று ஸ்கேன் வேண்டுமா, டைப் 2 போலத் தோன்றி மெதுவாக வருகிற தன்னெதிர்ப்புச் சர்க்கரையைக் கண்டுபிடிக்கும் காட் ஆன்டிபாடி டெஸ்ட் வேண்டுமா என்று நேராகக் கேளுங்கள். தாகம் அடங்காமல், வாந்தியோடு மூச்சு வாங்கினால் அன்றே ஆஸ்பத்திரி.

போகும்போது இரண்டு ரிப்போர்ட்டும், முடி மாத்திரை அட்டையும், மீட்டர் நோட்டும் கையில் இருக்கட்டும். யாத்திரையில் காலில் கொப்புளம் வந்திருந்தால் செருப்பைக் கழற்றி அதையும் காட்டுங்கள். 200-ஐத் தொடுகிற சர்க்கரையில் உள்ளங்காலில் வலிக்காத புண்தான் பெரிதாகும்.