எண்ணெயைக் கழுவியும் பிளேடு அரிக்கிறதா? வனேடியத்தைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. டீசலிலிருந்து கெட்டியான பர்னஸ் ஆயிலுக்கு மாறியபின் கேஸ் டர்பைனின் முதல் வரிசை பிளேடுகளில் குழி விழுகிறது, எண்ணெயைத் தண்ணீரில் கழுவித்தானே எரிக்கிறோம் என்று கேட்டிருந்தீர்கள். சிக்கலே அங்கேதான். கழுவினால் சோடியம் போகும், ஏனென்றால் அது தண்ணீரில் கரையும் உப்பாக இருக்கிறது. வனேடியம் என்ற உலோகமோ எண்ணெயிலேயே கரைந்து கிடப்பது. எத்தனை முறை கழுவினாலும் அசையாது.

எரியும்போது அது வனேடியம் பென்டாக்சைடாக மாறுகிறது. அதன் உருகுநிலை சுமார் 690 டிகிரி செல்சியஸ்தான். பிளேடு அதைவிடச் சூடு என்பதால் மேலே உருகிய படலமாக ஒட்டிக்கொண்டு, உலோகத்தைக் காக்கும் ஆக்சைடு தோலையே கரைத்துவிடும். மிச்சமிருக்கும் சோடியமும் சேர்ந்தால் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே உருகும்.

வழக்கமான மருந்து எண்ணெயில் மக்னீசியம் சேர்ப்பது. எடையில் வனேடியத்தைப்போல் 3 மடங்கு. அப்போது உருவாகும் கூட்டுப்பொருள் 1,000 டிகிரிக்கு மேல்தான் உருகும், பிளேடில் வெறும் சாம்பலாகப் படியும். சாம்பல் ஏற ஏறத் திறன் குறையும், அவ்வப்போது டர்பைனை நிறுத்தி பிளேடுகளைக் கழுவ வேண்டும். அந்தத் தொல்லை உண்டு.

அப்புறம், சப்ளையர் தரும் சான்றிதழை நம்ப வேண்டாம். எரிகலனுக்குள் போகும் குழாயிலிருந்தே மாதிரி எடுத்துச் சோதியுங்கள். வனேடியம் 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.5 பங்கு) தாண்டினாலே மக்னீசியம் தேவை. கடலோரம் என்றால் காற்று வடிகட்டியையும் பாருங்கள், உப்பு அந்த வழியிலும் வரும்.