பீன்ஸ் கேசரோலைச் சூப்பாக்குவது எப்படி? – வாசகர் சமையல் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன் நகரில் மகன் குடும்பத்துடன் தங்கியிருக்கிறேன். நவம்பரில் நன்றி நவிலும் நாளன்று பக்கத்து வீட்டார் கொடுத்த பீன்ஸ் கேசரோலைப் பேத்திகள் இருவரும் விரும்பிச் சாப்பிட்டார்கள். அன்றிலிருந்து அதே ருசியில் சூப் வேண்டும் என்று கேட்கிறார்கள். நானும் கேசரோலைச் செய்து, அதில் பாலை ஊற்றிக் கொதிக்கவைத்துப் பார்த்தேன். கூழாகவும் இல்லாமல் சூப்பாகவும் இல்லாமல் சப்பென்று இருந்தது. டின் சூப் சேர்க்காமல் இதை வீட்டில் செய்ய வழி உண்டா?
– ஒரு வாசகி, எடிசன்

பதில்: உண்டு. முதலில் மற்ற வாசகர்களுக்காக ஒரு விளக்கம். நம் ஊர்க் கடைகளில் கேசரோல் என்று கேட்டால், சப்பாத்தியைச் சூடு ஆறாமல் வைக்கும் மூடி போட்ட பாத்திரத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அமெரிக்க வீடுகளிலோ, அகலமான ஆழமான பாத்திரத்தில் காய், இறைச்சி, நூடுல்ஸ் போன்றவற்றைக் கெட்டியான வெள்ளைச் சாற்றோடு சேர்த்து, மேலே மொறுமொறுப்பான ஏதேனும் ஒன்றைத் தூவி, ‘அவன்’ (oven) என்னும் மூடிய சூட்டடுப்பில் வைத்து எடுக்கும் உணவுக்கு அந்தப் பெயர். பாத்திரத்தின் பெயர்தான் பண்டத்துக்கும் ஆகிவந்திருக்கிறது.

உங்கள் பேத்திகள் விரும்பிய பீன்ஸ் கேசரோல், நீங்கள் இப்போது தங்கியிருக்கும் அதே மாநிலத்தில் பிறந்தது. கேம்டன் நகரில் இருக்கும் கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் 1955-இல் டோர்காஸ் ரெய்லி என்ற பெண்மணியும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை உருவாக்கினார்கள். எந்த வீட்டிலும் எப்போதும் இருக்கும் பொருள்களைக் கொண்டே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட நிபந்தனை. ஆகவே, ஒரு டின் கெட்டிக் காளான் சூப், அரைக் கப் பால், ஒரு தேக்கரண்டி சோயா சாஸ், சிறிது மிளகுத்தூள், வேகவைத்த பீன்ஸ் 4 கப், டின்னில் வரும் பொரித்த வெங்காயம் ஆகியவற்றோடு அந்தச் செய்முறை முடிந்துவிட்டது. 2018-இல் தமது 92-ஆம் வயதில் ரெய்லி மறைந்தபோது, அமெரிக்கப் பத்திரிகைகள் அவரை இந்த ஓர் உணவைச் சொல்லியே நினைவுகூர்ந்தன. அவருடைய செய்முறை அட்டை 2002 முதல் அந்நாட்டின் தேசியக் கண்டுபிடிப்பாளர் கூடத்தின் வசம் இருக்கிறது.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம், இந்தக் கேசரோலின் உடம்பே ஒரு சூப்தான் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும் என்பதற்காக. நீர் குறைத்துக் கெட்டியாக்கி டின்னில் அடைத்த சூப்பைக் காய்க்குச் சாறாக மாற்றினார்கள். நீங்கள் அதை மறுபடியும் சூப்பாக்கப் பார்க்கிறீர்கள். ஆனால் பாலை ஊற்றி நீர்க்கச் செய்தால் மட்டும் அது சூப்பாகிவிடாது. அவனுக்குள் இருக்கும் அரை மணி நேரத்தில் சாறு சுண்டுகிறது, ஓரங்கள் சிவந்து மணக்கின்றன, மேலே தூவிய வெங்காயம் மொறுமொறுப்பாக நிற்கிறது. நாம் அந்த உணவின் ருசி என்று நினைப்பது பெரும்பாலும் இவற்றைத்தான். சூப் செய்யும்போது, ‘அவன்’ அடுப்பு செய்த இந்த வேலைகளைச் சாதாரண அடுப்பின் மேல், ஒவ்வொன்றாக, நாமே செய்தாக வேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் பாலோடு சேர்த்துக் கொதிக்கவைத்ததில் சாறு நீர்த்தது, சிவந்த மணம் கரைந்து காணாமல் போனது, வெங்காயம் ஊறிச் சொதசொதத்தது. சப்பென்று இருந்ததில் வியப்பில்லை.

நான்கு பேருக்குப் பின்வருமாறு செய்யுங்கள். பிஞ்சு பீன்ஸ் 300 கிராம் எடுத்து, நார் நீக்கி, ஒரு விரற்கடை நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புச் சேர்த்து, அது தளதளவென்று கொதிக்கும்போது பீன்ஸைப் போட்டு, மூடாமல் 4 நிமிடம் வேகவிட்டு, அரித்தெடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டுவிடுங்கள். மூடி போட்டால் காயிலிருந்து ஆவியோடு வெளியேறும் அமிலம் திரும்பவும் பாத்திரத்துக்குள்ளேயே விழும். அமிலம் பட்டால் பச்சையம் தன்னிடமுள்ள மெக்னீசியத்தை இழந்து பழுப்புப் பச்சையாகிவிடும். டின் பீன்ஸ் எப்போதும் காக்கி நிறத்தில் இருப்பதற்கும் நீண்ட நேரச் சூட்டில் நடக்கும் இதே மாற்றம்தான் காரணம். சிலர் நிறத்துக்காகச் சமையல் சோடா போடுவார்கள். நிறம் நிற்கும், ஆனால் காய் குழைந்து, வாயில் ஒரு வழவழப்பும் தங்கிவிடும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பீன்ஸ் வெந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதில் 250 கிராம் பட்டன் காளானின் காம்புகளையும், இருந்தால் ஒரு கேரட் துண்டையும் போட்டுக் கால் மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவைத்து வடிகட்டினால், சூப்புக்கு வேண்டிய 600 மில்லி காய்ச்சாறு கிடைத்துவிடும். குறைந்தால் வெந்நீர் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி முக்கியமான கட்டம். காளானில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அகலமான, அடி கனமான பாத்திரத்தில் 20 கிராம் வெண்ணெயும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சூடாக்கி, மெலிதாக நறுக்கிய காளானை ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் பரப்பி, நல்ல தீயில் வதக்குங்கள். முதலில் நீர் விட்டுத் தளும்பும்; அந்த நீர் முழுவதும் வற்றி, காளான் சுருங்கி, ஓரங்கள் பொன்னிறமாகும்வரை பொறுமையாக நில்லுங்கள். பத்து நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அவனில் கிடைக்கும் அந்தச் சிவந்த மணத்தைச் சூப்புக்குக் கொண்டுவர வேறு குறுக்கு வழி இல்லை. இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் பிறகு சுவையூட்டும் பொடிகளைத் தேடிப் போகிறார்கள். உப்பையும் காளான் சிவந்த பிறகு போட்டால் போதும், முன்பே போட்டால் நீர் விடுவதுதான் அதிகமாகும்.

பிறகு தீயைக் குறைத்து, பொடியாக நறுக்கிய ஒரு பெரிய வெங்காயத்தையும் மூன்று பல் பூண்டையும் சேர்த்து வதக்கி, இன்னும் 30 கிராம் வெண்ணெய் போட்டு உருகியதும் நான்கு மேசைக்கரண்டி மைதாவைத் தூவி, பச்சை வாசனை போகும்வரை இரண்டு மூன்று நிமிடம் கிளறுங்கள். கேசரோலுக்கு ஒரு கப் திரவத்துக்கு இரண்டு, மூன்று மேசைக்கரண்டி மாவு வேண்டியிருக்கும். சூப்புக்கு ஒரு கப்புக்கு ஒன்று போதும். மாவு சூடாக இருக்கையில் ஆறிய காய்ச்சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினால் கட்டி தட்டாது. அது கொதித்துக் கெட்டியாகத் தொடங்கியதும் 400 மில்லி பாலையும் ஊற்றி, சிறு தீயில் பத்து நிமிடம் அடிப்பிடிக்காமல் கிளறிக் காய்ச்சுங்கள். கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாக ஒட்டி நிற்பது சரியான பதம். கடைசியில் பீன்ஸ், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், இரண்டு தேக்கரண்டி சோயா சாஸ் ஆகியவற்றைச் சேர்த்து மூன்று நிமிடம் வைத்து, அடுப்பை அணைத்த பிறகு 100 மில்லி கிரீமைக் கலந்துவிடுங்கள். சோயா சாஸ் மூலச் செய்முறையிலேயே இருப்பதால் அதைத் தவிர்க்க வேண்டாம்; காளானின் ருசியைத் தூக்கிக் காட்டுவது அதுதான். அதிலும் காய்ச்சாற்றிலும் உப்பு இருப்பதால், ருசி பார்த்த பிறகே மேற்கொண்டு உப்புப் போடுங்கள்.

மேலே தூவும் வெங்காயம் ஒருபோதும் பாத்திரத்துக்குள் போகக் கூடாது. பிரியாணிக்குப் பொரிப்பதுபோல மெலிதாக அரிந்து, சிறிது மைதாவும் உப்பும் பிசறி, உதறி, நடுத்தரச் சூட்டில் பொன்னிறமாகப் பொரித்து எடுத்து வையுங்கள். எண்ணெயிலிருந்து எடுத்த பிறகும் அது இன்னும் கொஞ்சம் சிவக்கும் என்பதால், சற்று முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். கிண்ணத்தில் சூப்பை ஊற்றி, மேசைக்கு வந்த பிறகு, ஒரு கைப்பிடி தூவிக் கொடுங்கள். பேத்திகள் கேட்டது பெரும்பாலும் இந்த வெங்காயத்துக்காகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

கேள்வி: எங்கள் வீட்டில் மைதாவை அறவே நிறுத்திவிட்டோம். காளானும் மாமியாருக்கு ஆகாது. இந்த இரண்டும் இல்லாமல் இதுபோன்ற கிரீம் சூப் செய்ய முடியுமா? முந்திரி அரைத்து ஊற்றலாமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முந்திரி விழுது சேர்த்தால் சூப் நன்றாகவே இருக்கும், ஆனால் இரண்டாவது கரண்டியிலேயே குருமாவின் நினைவு வந்துவிடும். மைதாவுக்குப் பதிலாக, நன்கு வேகவைத்து மசித்த நடுத்தர உருளைக்கிழங்கு இரண்டைக் காய்ச்சாற்றில் கரைத்து ஊற்றுவதையே நான் விரும்புவேன். மிக்ஸியில் நீண்ட நேரம் ஓடவிட்டால் கிழங்கு பசைபோல் இழுபடும் என்பதால், மத்தாலோ கரண்டியாலோ மசிப்பது நல்லது. மூன்று மேசைக்கரண்டி அரிசி மாவைக் குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றியும் செய்யலாம். அதைக் கொதிக்கவிட்டுக் காய்ச்சாவிட்டால் கஞ்சி வாடை போகாது.

காளான் இல்லாமல் போனால் இழப்பு பெரிது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த இடத்தை ஓரளவு நிரப்ப, இரண்டு பெரிய வெங்காயத்தைச் சிறு தீயில் அரை மணி நேரம், தேன் நிறம் வரும்வரை வதக்கிச் சேர்த்து, சோயா சாஸை ஒரு தேக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். சோயா சாஸ் பலவற்றில் கோதுமை உண்டு. மைதாவைக் கோதுமை ஒவ்வாமையால் நிறுத்தியிருந்தால், புட்டியின் மேலிருக்கும் விவரத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: கிரீம் சூப் செய்து, இறக்கும் முன் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். பால் திரிந்து, துகள் துகளாக ஆகிவிட்டது. திரிந்ததைச் சரிசெய்ய முடியுமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: திரிந்த பாலைத் திரும்ப ஒன்றாக்க முடியாது. மிக்ஸியில் அடித்து வடிகட்டினால் பார்வைக்குச் சீராகும், நாக்குக்கு மணல்தன்மை சற்று மிஞ்சும். பாலின் புரதம் புளிப்பையும் கொதியையும் ஒருசேரத் தாங்காது. பனீருக்குப் பாலைத் திரிய வைக்கிறோமே, அதே காரியம்தான் உங்கள் பாத்திரத்தில் நடந்திருக்கிறது. கொழுப்பு மிகுந்த கிரீம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கொழுப்பு நீக்கிய பால் உடனே பிரிந்துவிடும். இங்கே அட்டைப்பெட்டியில் கிடைக்கும் கிரீமில் பொதுவாக 25 சதவீதக் கொழுப்பு இருக்கிறது. அமெரிக்கச் செய்முறைகள் சொல்லும் கனத்த கிரீமில் குறைந்தது 36 சதவீதம் உண்டு. அதனால் அவர்கள் கொதிக்கவைத்துக் காட்டுவதைப் பார்த்து நாம் கொதிக்கவைக்கக் கூடாது. புளிப்பு வேண்டுமானால், கிண்ணத்தில் ஊற்றிய பிறகு இரண்டு சொட்டுப் பிழிந்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால், இந்தச் சூப்புக்குப் புளிப்பே வேண்டாம்.

கேள்வி: விருந்தில் மீந்த பீன்ஸ் கேசரோல் குளிர்பெட்டியில் இருக்கிறது. அதையே சூப்பாக்கலாமா, புதிதாகத்தான் செய்ய வேண்டுமா?
– ஒரு வாசகி, டொராண்டோ

பதில்: செய்யலாம். விருந்து முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போயிருந்து, நான்கு நாள்கள் கடக்காமல் இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் ஊறிய வெங்காயத்தை வழித்துத் தனியே வைத்துவிட்டு, இரண்டு கப் கேசரோலுக்கு ஒன்றரைக் கப் காய்ச்சாறு விட்டு, கிளறிக்கொண்டே நன்றாக ஆவி பறக்கும்வரை சூடாக்கி, கடைசியில் அரைக் கப் பால் சேருங்கள். முன்பே குழைந்த காய் என்பதால் பாதியை மசித்துவிட்டால் சூப்புக்குத் தானாகவே கனம் வந்துவிடும். வேறு மாவு தேவைப்படாது. ஆனால் எடிசன் வாசகிக்கு நேர்ந்ததுபோல் சப்பென்று ஆகாமலிருக்க, கையளவு புதுக் காளானைத் தனியே சிவக்க வதக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். வழித்து வைத்த வெங்காயத்தை உலர்ந்த வாணலியில் சிறு தீயில் புரட்டினால் பாதி மொறுமொறுப்பு திரும்பும். மீதிப் பாதிக்குப் புதிதாகப் பொரிக்கத்தான் வேண்டும்.

கேள்வி: டூனா மீனும் நூடுல்ஸும் சேர்த்துச் செய்யும் கேசரோலையும் இதே முறையில் சூப்பாக்கலாமா? செய்து உறைபெட்டியில் வைக்கலாமா?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: அடிப்படைச் சூப் மேலே சொன்னதேதான், பீன்ஸுக்குப் பதில் பச்சைப் பட்டாணி, கடைசி இரண்டு நிமிடத்தில் நீர் வடித்த டூனா. நூடுல்ஸை மட்டும் சூப்பிலேயே வேகவிடாதீர்கள், ஏனென்றால் அது அடுப்பை அணைத்த பிறகும் சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருந்து, ஒரு மணி நேரத்தில் உங்களுக்குத் திரும்பவும் கேசரோலையே கொடுத்துவிடும். தனியே வேகவைத்து, பரிமாறும்போது கிண்ணத்தில் போட்டு, மேலே சூப்பை ஊற்றுங்கள். உறைபெட்டியில் வைப்பதானால் பாலும் கிரீமும் நூடுல்ஸும் சேர்க்கும் முன்பே, மாவு சேர்த்த காய்ச்சாறாக எடுத்து வைத்துவிடுங்கள். உருகும்போது நீர் பிரிந்து நின்றாலும், மறுபடி கொதிக்கவைத்துக் கரண்டியால் அடித்தால் பெரும்பாலும் ஒன்றாகிவிடும்.