பஸ்ஸில் பாதி ஆயுள்: பேஸ்பால் மேனேஜர் ஆவது எப்படி? (கேள்வி பதில்)

அட்லாண்டாவுக்கு வடகிழக்கே குவினட் பக்கம் குடியேறிப் பல வருஷமாகிறது. வீட்டிலிருந்து இருபது நிமிஷத்தில் லாரன்ஸ்வில் மைதானம். உச்ச மட்டமான மேஜர் லீக்கில் ஆடும் அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்கு ஒரு படி கீழே இருக்கும் டிரிபிள் ஏ அணி அங்கேதான் ஆடுகிறது. முதலில் பிள்ளைகளுக்காகப் போனேன். பிள்ளைகளுக்கு அலுத்துப்போன பிறகும் நான் விடவில்லை. பேஸ்பால் மேனேஜர்களைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். கிரிக்கெட் தெரியும், பேஸ்பால் தெரியாது என்பவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

திண்ணைவாசி: அண்ணா, மேனேஜர் என்றால் நம்ம ஊர் டீம் மேனேஜர் மாதிரி ஹோட்டல் ரூமும் லக்கேஜும் பார்ப்பவரா? இல்லை கோச்சா?

லக்கேஜ் பார்க்க வேறு ஆள் உண்டு தம்பி. கிரிக்கெட்டில் கேப்டன் களத்தில் நின்று செய்வதையெல்லாம் இங்கே மேனேஜர் டக்அவுட்டில் நின்று செய்கிறார். யார் ஆடுவது, எந்த வரிசையில் பேட் பிடிப்பது, பந்து வீசும் பிட்சரை எப்போது மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆட்களை வாங்குவதும் விற்பதும் ஜெனரல் மேனேஜர் வேலை. இருவரையும் குழப்பிக்கொள்ளாதே. பேட்டிங் கோச், பிட்சிங் கோச் எல்லோரும் மேனேஜருக்குக் கீழே.

ஆட்டம் தொடங்கும் முன் லைன்அப் கார்டு என்ற அட்டையை அம்பயரிடம் கொடுப்பார்கள். ஒன்பது பேரும் வரிசையாக, பக்கத்தில் எந்த இடத்தில் நிற்பவர் என்ற குறிப்போடு இருப்பார்கள். அதன் நகல் டக்அவுட் சுவரில் ஒட்டியிருக்கும். ஒருவரை வெளியே எடுத்தால் அந்தப் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதுப் பெயரை எழுதுவார்கள். அடித்த பெயர் அன்றைக்கு அடித்ததுதான். பேஸ்பாலில் வெளியே போனவர் அதே ஆட்டத்தில் திரும்பி வர முடியாது. பும்ராவுக்கு ஐந்து ஓவர் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி கூப்பிடலாம் என்ற கதை இங்கே நடக்காது. மேனேஜர் தலை நரைப்பது அதனால்தான்.

பேட்டை பவுலர்: அறுபது வயசு ஆள் ஏன் பிளேயர் மாதிரி யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நிற்கிறார்?

பழைய காலத்தில் மேனேஜர் ஆட்டக்காரராகவும் இருப்பார். அந்தப் பழக்கம் தங்கிவிட்டது. விதிவிலக்கு கானி மேக். 1901 முதல் 1950 வரை ஐம்பது சீசன் ஃபிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸை நடத்தினார், கோட்டும் டையும் போட்டுக்கொண்டே. அவ்வளவு காலம் எப்படித் தாக்குப்பிடித்தார் என்றால், அணியில் அவருக்கும் பங்கு இருந்தது. தன்னைத் தானே வேலையை விட்டுத் தூக்குவாரா என்ன!

சேலத்துக்காரன்: சார், இந்த வேலைக்கு வர என்ன வழி? பரீட்சை, லைசென்ஸ் ஏதாவது உண்டா?

எதுவும் கிடையாது. மேஜர் லீக்கில் 30 அணிகள், அதனால் உலகத்திலேயே 30 நாற்காலிகள்தான். ஒவ்வொரு அணிக்கும் கீழே சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று நான்கு படிகளில் அணிகள் இருக்கின்றன. மொத்தம் 120. இவைதான் மைனர் லீக். ஆட்டக்காரர்கள் ஏறும் இதே ஏணியில்தான் பெரும்பாலான மேனேஜர்களும் ஏறி வந்தார்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் பிரையன் ஸ்னிட்கர். 1977-ல் பிரேவ்ஸில் கேட்சராக, அதாவது பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவராகச் சேர்ந்தார். மேஜர் லீக்கில் ஒரு பந்தைக்கூடச் சந்தித்ததில்லை. ஆட்ட வாழ்க்கை முடிந்தது என்று அவரிடம் சொல்லி, கையோடு கோச் வேலையும் கொடுத்தவர் ஹாங்க் ஆரன். ஆமாம், 755 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்த அதே ஆரன்தான். அப்போது பிரேவ்ஸின் மைனர் லீக் பொறுப்பு அவரிடம் இருந்தது. அப்புறம் ஸ்னிட்கர் ஊர் ஊராகச் சின்ன அணிகளை நடத்தினார். நடுவில் மேலே கூப்பிடுவார்கள், சில வருஷத்தில் கீழே அனுப்புவார்கள். 2007 முதல் 2013 வரை அட்லாண்டாவில் மூன்றாம் பேஸ் கோச், அதாவது அந்த பேஸ் பக்கம் நின்று ஓடுபவர்களுக்குச் சைகை காட்டுபவர். மறுபடி இறக்கி எங்கள் குவினட்டுக்கு அனுப்பினார்கள்.

அப்போதுதான் அவரை நான் லாரன்ஸ்வில்லில் பார்த்தேன். அறுபதை நெருங்கும் வயது. "பாவம், இங்கேயே ரிடையர் ஆகிவிடுவார்" என்று பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் சொன்னேன். என் ஜோசியத்தின் லட்சணம் பாருங்கள். 2016 மே மாதம், 9 வெற்றி 28 தோல்வி என்று பிரேவ்ஸ் அதலபாதாளத்தில் கிடந்தபோது மேனேஜரைத் தூக்கிவிட்டு இவரைத் தற்காலிகமாகக் கூப்பிட்டார்கள். கம்பெனியில் சேர்ந்து 39 வருஷம் கழித்து! 2018-ல் நேஷனல் லீகின் (மேஜர் லீக்கின் இரு பாதிகளில் ஒன்று, மற்றது அமெரிக்கன் லீக்) சிறந்த மேனேஜர், 2021-ல் மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் சாம்பியன். அந்தத் தொடரில் எதிரணியான ஹூஸ்டனின் பேட்டிங் கோச்சுகளில் ஒருவர் அவருடைய சொந்த மகன்.

மூன்றாம் ஸ்லிப்: பெரிய ஸ்டார்கள்தானே நல்ல மேனேஜர் ஆவார்கள்? சொந்தமாக ஆடத் தெரியாதவர் சொன்னால் யார் கேட்பார்?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்கு நேர்மாறாக இருக்கிறது. டோனி லா ரூசா ஆட்டக்காரராக எடுத்த சராசரி .199, அதாவது பத்துக்கு இரண்டு முறைகூட ஹிட் (பந்தை அடித்து பேஸை எட்டுவது) இல்லை. மேனேஜராக மூன்று உலகத் தொடர் பட்டம், மொத்த வெற்றிகளில் கானி மேக்குக்கு அடுத்த இடம். நடுவில் சட்டப் படிப்பு வேறு. ஏர்ல் வீவர், ஜிம் லேலண்ட், ஜோ மேடன் மூவருமே மேஜர் லீக்கில் ஆடாதவர்கள், மூவரும் பட்டம் வென்றவர்கள். மேடன் ஏஞ்சல்ஸ் நிறுவனத்திலேயே 31 வருஷம் ஊறிக்கிடந்தார். பிறகு 2016-ல் சிகாகோ கப்ஸின் 108 வருஷக் காத்திருப்பை முடித்துவைத்தார்.

காரணமாக எனக்குத் தோன்றுவது இது. தானாகவே ஆட்டம் கைவந்தவருக்கு, வராதவனின் கஷ்டம் புரிவதில்லை. பெஞ்சில் உட்கார்ந்தே காலம் கழித்தவர் எல்லாவற்றையும் கவனித்திருப்பார்.

கேட்சர்கள் அதிகமாக மேனேஜர் ஆவதும் இதனால்தான். நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி, மொத்த மைதானத்தையும் எதிரே பார்த்து உட்கார்ந்திருப்பவர் அவர் ஒருவர்தான். ஒவ்வொரு பந்துக்கும் பிட்சரோடு பேசி முடிவெடுக்கிறார். மூன்று முறை சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கும் 2023-ல் டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கும் பட்டம் வாங்கித்தந்த புரூஸ் போச்சி, மாற்று கேட்சராகக் காலம் ஓட்டியவர். தோனியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரவுப்பறவை: மைனர் லீக்கில் மேனேஜருக்கு என்ன வேலை? அங்கே ஜெயித்து என்ன ஆகப்போகிறது?

அருமையான கேள்வி. அங்கே ஜெயிப்பது இரண்டாம் பட்சம், ஆள் வளர்ப்பதுதான் வேலை. நன்றாக வீசும் பிட்சரை மேலே இருக்கும் அணி எந்த நிமிஷமும் பிடுங்கிக்கொள்ளும். இன்னாரை இத்தனை பந்துக்கு மேல் வீசவிடாதே என்று மேலிடத்து உத்தரவு வரும். பத்தொன்பது வயதுப் பையன்கள், பாதிப் பேர் டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா என்று வந்தவர்கள். பலருக்கு ஆங்கிலம் வராது. இரவு ஆட்டம் முடிந்து பஸ் ஏறினால் விடியும்போது அடுத்த ஊர்.

டெரி ஃப்ரான்கோனா 1994-ல் அலபாமாவில் பர்மிங்ஹாம் பாரன்ஸ் என்ற டபுள் ஏ அணியின் மேனேஜர். அந்த வருஷம் அவரிடம் வந்துசேர்ந்த புது ஆள் யார் தெரியுமா? மைக்கேல் ஜோர்டன். கூடைப்பந்தை விட்டுவிட்டு பேஸ்பால் பழக வந்தார். உலகத்தின் மிகப் பெரிய நட்சத்திரம், எடுத்த சராசரி .202. அவர் புண்ணியத்தில் அணிக்குச் சொகுசு பஸ் கிடைத்தது. ஆனால் ஃப்ரான்கோனா நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஜோர்டனைப் பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது. அதே அணியில் பேர் தெரியாத இருபது பேருக்கு இதுதான் வாழ்க்கையின் ஒரே வாய்ப்பு. அத்தனை பேரையும் சமமாக நடத்த வேண்டும். பத்து வருஷம் கழித்து, 2004-ல், பாஸ்டன் ரெட் சாக்ஸின் 86 வருஷப் பட்ட வறட்சியை முடித்தவர் இவர்தான். நட்சத்திரங்களும் பத்திரிகைக்காரர்களும் மொய்க்கும் பாஸ்டனுக்கு பர்மிங்ஹாமைவிட நல்ல ஒத்திகை இருந்திருக்க முடியாது.

இன்னொரு வேலையும் உண்டு. "உன்னை விடுவிக்கிறோம்" என்று பையனை அறைக்குக் கூப்பிட்டுச் சொல்வது. மைனர் லீக்கில் ஆடும் பெரும்பாலானோர் மேஜர் லீக்கை எட்டுவதே இல்லை. அப்படியென்றால் அந்த அறைக் கதவு ஒரு சீசனில் எத்தனை முறை மூடித் திறக்கும்?

எக்செல் மாமா: இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் சொல்வதைத்தான் மேனேஜர் செய்கிறாராமே? அப்புறம் எதற்கு முப்பது வருஷ அனுபவம்?

மாமா வம்புக்கு இழுக்கிறார். சரி, 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தைப் பார்ப்போம். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு எதிராக டாம்பா பே ரேஸ் 1–0 என்று முன்னிலை. ரேஸின் பிட்சர் பிளேக் ஸ்னெல் பின்னி எடுக்கிறார்: 73 பந்துகள்தான் வீசியிருக்கிறார், ஒன்பது ஸ்டிரைக்அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் பேட்டர் அவுட்), இரண்டே ஹிட். ஆறாவது இன்னிங்ஸில் (ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது) அந்த இரண்டாவது ஹிட் விழுந்ததும் மேனேஜர் கெவின் கேஷ் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார். எதிரணியின் முதல் பேட்டர்கள் மூன்றாவது சுற்று வரும்போது பிட்சரின் பலம் குறையும் என்பது புள்ளிவிவரம். புதுப் பிட்சர் நிக் ஆண்டர்சன் வந்தார், டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸ் டபுள் (இரண்டாம் பேஸ்வரை எட்டவைக்கும் அடி) அடித்தார், அந்த இன்னிங்ஸிலேயே டாட்ஜர்ஸ் முந்தியது. ஆட்டம் 3–1 என்று போனது, ரேஸுக்குப் பட்டமும் போனது.

கேஷ் முட்டாள் இல்லை. அந்த வருஷம் அமெரிக்கன் லீகின் சிறந்த மேனேஜர் அவர்தான். அதே கணக்கை வைத்துத்தான் அங்கேவரை வந்திருந்தார். ஆனால் ஒரு சீசனின் 162 ஆட்டத்துக்குச் சரியாக வரும் சராசரி, அன்றைய இரவு அந்தக் கையின் நிலையைச் சொல்லாது என்பது என் கட்சி. நண்பர்கள் பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நாலு வருஷமாக ஒரு வாட்ஸ்அப் குழுவில் இந்தச் சண்டை ஓடியது.

குறுக்குவழி குமாரு: ஏணியே ஏறாமல் நேராக மேலே போனவர்கள் உண்டா?

உண்டு, இப்போது அதிகம். ஆரன் பூன் டிவி வர்ணனை அறையிலிருந்து நேராக நியூயார்க் யாங்கீஸ் மேனேஜர் ஆனார், 2017 டிசம்பரில். அதற்கு முன் எந்த அணிக்கும் கோச்சாகக்கூட இருந்ததில்லை. ஸ்டீவன் வோக்ட் 2022-ல் ஆட்டத்தை விட்டார், ஒரே வருஷம் கோச், 2024-ல் கிளீவ்லாண்டின் மேனேஜர், முதல் வருஷமே சிறந்த மேனேஜர் விருது. (அவரும் கேட்சர்!) 2025-ல் ஜயன்ட்ஸ் இன்னும் ஒரு படி போய், தொழில்முறை பேஸ்பாலில் ஆடியோ கோச்சாக இருந்தோ பழக்கமில்லாத டென்னசி பல்கலைக்கழகக் கோச் டோனி விட்டெல்லோவை எடுத்தது.

முடிவெடுக்க உதவ ஆட்கள் நிறைய வந்துவிட்டார்கள். அதனால் பழைய நெளிவுசுளிவுகளைவிட, இளைஞர்களோடு பேசத் தெரிந்தவரைத் தேடுகிறார்கள்.

வேலைபோனவன்: வேலை போய்விட்டால் அத்தோடு முடிந்ததா?

பெயரைப் பார்த்தாலே மனசு கேட்கவில்லை, சீக்கிரம் நல்லது நடக்கட்டும். இந்தத் தொழிலில் நீக்கப்படுவது ஒரு தகுதி மாதிரி. ஜோ டாரி மெட்ஸ், பிரேவ்ஸ், கார்டினல்ஸ் என்று மூன்று இடத்தில் தூக்கப்பட்டவர். 1996-க்கு யாங்கீஸ் அவரை எடுத்தபோது நியூயார்க் பத்திரிகைகள் கிண்டலடித்தன. ஐந்தே வருஷத்தில் நான்கு பட்டம் வென்றார்.

அவருக்கு முன்னால் யாங்கீஸைத் தேற்றிவைத்தவர் பக் ஷோவால்டர். அவர் கிளம்பிய மறு வருஷம் யாங்கீஸ் சாம்பியன். பிறகு அரிசோனாவின் புது அணியை அவர் வளர்த்தார். 2000 முடிந்ததும் நீக்கினார்கள், 2001-ல் அரிசோனா சாம்பியன். உழுது விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்.

எங்கள் ஊர் வேடிக்கை ஒன்று: 1977-ல் பிரேவ்ஸ் தொடர்ந்து 16 ஆட்டம் தோற்றதும், முதலாளி டெட் டர்னர் மேனேஜரை லீவில் அனுப்பிவிட்டுத் தானே யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பதினேழாவதும் தோல்வி. முதலாளி மேனேஜராக இருக்கக் கூடாது என்று லீக் மறுநாளே தடுத்துவிட்டது.

ஈஎம்ஐ: சம்பளம் எவ்வளவு?

கிரெய்க் கவுன்சலை 2023-ல் சிகாகோ கப்ஸ் ஐந்து வருஷத்துக்கு 4 கோடி டாலருக்கு எடுத்தது பெரிய செய்தி. பிறகு டாட்ஜர்ஸின் டேவ் ராபர்ட்ஸ் வருஷத்துக்கு 81 லட்சம் டாலர் என்று அதையும் தாண்டினார். இதெல்லாம் உச்சாணிக் கொம்பு. மைனர் லீக்கில் இதன் நிழல்கூட விழாது.

செவ்வந்தி: பெண்களுக்கு இடம் இருக்கிறதா?

மேஜர் லீக் மேனேஜராக இதுவரை யாரும் இல்லை. 2022-ல் ரேச்சல் பால்கோவெக் யாங்கீஸின் சிங்கிள் ஏ அணியான டாம்பா டார்ப்பன்ஸுக்கு மேனேஜர் ஆனார். அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர். ஆரம்பத்தில் வேலைக்கு விண்ணப்பித்தபோது பதிலே வரவில்லை என்று பயோடேட்டாவில் பெயரை 'ரே' என்று மாற்றி எழுதினாராம். உடனே போன் வந்தது, எடுத்தால் பெண் குரல்!

ஆல்ஃபரெட்டா அக்கா: தம்பி, என் பையனுக்குப் பன்னிரண்டு வயசு. லிட்டில் லீக் ஆடுகிறான். பேட்டிங் சுமார்தான், பெஞ்சில் உட்கார்ந்தால் நோட்டில் ஸ்கோர் எழுதிக்கொண்டே இருக்கிறான். அவனைத் திட்டுவதா, விடுவதா?

விடுங்க அக்கா. அந்த நோட்டை மட்டும் ஒருநாள் வாங்கிப் பாருங்கள். வெறும் ரன் எண்ணிக்கை எழுதுகிறானா, இல்லை யார் எந்தப் பந்தில் ஏமாந்தார் என்று ஓரத்தில் குறிக்கிறானா? ஏர்ல் வீவர் எந்த பேட்டர் எந்தப் பிட்சரிடம் எப்படி ஆடினார் என்று அட்டைகளில் குறித்துவைத்தே ஆட்டத்தை நடத்தியவர். முடிந்தால் பள்ளியில் ஸ்பானிஷ் எடுக்கச் சொல்லுங்கள். டக்அவுட்டில் அது சோறு போடும். இந்த சனிக்கிழமை லாரன்ஸ்வில்லில் ஆட்டம் இருக்கிறது, மூன்றாம் பேஸ் பக்கம்தான் உட்காருவேன். நோட்டோடு கூட்டிவாருங்கள்.