தொப்பிக்குள் வெந்த புட்டிங்: நாவலாசிரியர்களின் கிறிஸ்துமஸ் பற்றிக் கேள்வி பதில்

போன வாரம் பேச்சுவாக்கில், "கிறிஸ்துமஸ் விருந்தை நாக்கில் ஊறுகிற மாதிரி எழுதியவர்களில் பல பேர், அந்த நாளைக் கையைப் பிசைந்துகொண்டு கழித்தவர்கள்தான்" என்று சொல்லிவைத்தேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் ஆங்கில இலக்கியம் நடத்தியவள் நான். பாடத்தைவிட எழுத்தாளர்களின் கடிதங்களிலும் அடுக்களையிலும்தான் எனக்கு ருசி அதிகம். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு தம்பி: டிக்கன்ஸ் 'கிறிஸ்துமஸ் கரோல்' கதையைப் பணத்துக்காக எழுதினார் என்றீர்கள். ஏழைகள் மேல் இரக்கப்பட்டு எழுதியது என்றுதானே மேடம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

இரண்டும் உண்மைதான் தம்பி. 1843இல் அவருடைய தொடர்கதை சரியாகப் போகவில்லை. மாதா மாதம் கொடுக்கும் பணத்தில் 50 பவுண்டைக் குறைக்க நேரிடலாம் என்று பதிப்பாளர்கள் ஜாடையாகச் சொல்லிவிட்டார்கள். மனைவி ஐந்தாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். அப்பாவோ மகன் பெயரைச் சொல்லிக் கடன் வாங்குகிற ரகம். 1824இல் அதே அப்பா கடனுக்காகச் சிறைக்குப் போனபோது, பன்னிரண்டு வயதுப் பையன் டிக்கன்ஸ் ஷூ பாலிஷ் ஜாடிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை பார்த்தார். இரக்கம் எங்கிருந்து வந்தது என்று தனியாகத் தேட வேண்டியதில்லை.

அக்டோபரில் தொடங்கி ஆறே வாரத்தில் முடித்தார். இரவில் லண்டன் தெருக்களில் பதினைந்து, இருபது மைல் நடந்தபடியே கதையை மனசுக்குள் ஓட்டினார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள். இவர் புத்தகம் போடும்போது அளக்கவே இல்லை. சிவப்புத் துணி அட்டை, தாள் ஓரத்தில் தங்கப்பூச்சு, கையால் வண்ணம் தீட்டிய நான்கு படங்கள். விலை 5 ஷில்லிங். டிசம்பர் 19இல் வெளிவந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளுக்குள் 6,000 பிரதி தீர்ந்தது. ஆயிரம் பவுண்டு வரும் என்று கணக்குப் போட்டிருந்தார். கைக்கு வந்தது சுமார் 230. மிச்சத்தை அந்த அலங்காரமே தின்றுவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. கதையில் வரும் ஏழைக் குமாஸ்தா பாப் கிராட்சிட்டின் வாரச் சம்பளம் 15 ஷில்லிங். தன்னைப் பற்றிய புத்தகத்தை வாங்க அவர் வாரக் கூலியில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்திருக்க வேண்டும்! அடுத்த மாதமே ஒரு திருட்டுப் பதிப்பு வந்தது. டிக்கன்ஸ் வழக்குப் போட்டு ஜெயித்தார். எதிராளி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டதால் 700 பவுண்டு செலவு இவர் தலையிலேயே விழுந்தது.

அதே தம்பி: அப்படியென்றால் அந்த வருஷக் கிறிஸ்துமஸை அழுதுகொண்டா கழித்தார்?

அதுதான் இல்லை. ஆடித் தீர்த்துவிட்டார். நண்பரான நடிகர் மெக்ரெடி அமெரிக்காவில் இருந்தார். அவருடைய லண்டன் வீட்டில் குழந்தைகளுக்கு நடந்த விருந்தில் டிக்கன்ஸ் ஒரு மணி நேரம் மேஜிக் செய்து காட்டியதை, எழுத்தாளர் தாமஸ் கார்லைலின் மனைவி ஜேன் கார்லைல் கடிதத்தில் எழுதியிருக்கிறார். பச்சை மாவு, பச்சை முட்டை எல்லாவற்றையும் ஒரு கனவானின் தொப்பிக்குள் போட்டார். ஒரு நிமிஷத்தில் ஆவி பறக்க ஒரு பிளம் புட்டிங் வெளியே வந்து விழுந்ததாம். தவிடு நிரம்பிய பெட்டியைத் திறந்தால் உயிரோடு ஒரு கினிப்பன்றி. காசு கொடுத்துப் பார்த்த வித்தைக்காரர்களைவிட இவர்தான் கெட்டிக்காரர் என்கிறார் ஜேன். அவர் சாமானியமாக யாரையும் பாராட்டுகிறவர் இல்லை.

நாகர்கோவில் வாசகி: டீச்சர், பிளம் புட்டிங் என்பது நம் பிளம் கேக்தானா? அதில் பிளம்ஸ் பழம் ஏன் இருப்பதில்லை?

பழைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சைக்கும் பிளம் என்றே பெயர். நம் கேக்கிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஆனால் புட்டிங் வேறு. கேக்கை அடுப்பில் சுடுகிறோம். புட்டிங்கைத் துணியில் மூட்டையாகக் கட்டிக் கொதிக்கிற தண்ணீரில் மணிக்கணக்காக வேக வைக்கிறார்கள். மாவு, ரொட்டித்தூள், மாட்டுக் கொழுப்பு, கிஸ்மிஸ், மசாலா, முட்டை. வெந்ததும் உருண்டையாக, கருப்பாக இருக்கும். மேலே பிராந்தியை ஊற்றிக் கொளுத்தி மேஜைக்குக் கொண்டுவருவார்கள். செய்முறையைப் பார்த்தால் நம் கொழுக்கட்டைக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

கரோல் கதையில் எனக்குப் பிடித்த இடமே இதுதான். கிராட்சிட் வீட்டுப் புட்டிங் வேகிறது துணி வெளுக்கிற செப்பு அண்டாவில். அதனால் மூட்டையைத் தூக்கியதும் முதலில் வருவது வெளுப்புத் துணி வாசனை. ஏழை வீட்டைக் காட்ட அந்த ஒரு ஈரத்துணி வாசனை போதும் அவருக்கு. வாத்து வேகிறதும் வீட்டில் இல்லை, ரொட்டிக்கடை அடுப்பில். வீட்டில் குளிர்காய்கிற கணப்பு மட்டும்தான் இருக்கும். பண்டிகை நாளில் பாத்திரத்தோடு பேக்கரிக்குக் கொடுத்துவிட்டு, வெந்ததும் போய் வாங்கி வருவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடைகளையும் மூடச் சொல்லிப் பக்திமான்கள் சிலர் பாராளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார்கள். டிக்கன்ஸுக்கு வந்த கோபம் கரோலுக்குள்ளும் எட்டிப்பார்க்கிறது.

கோவை வாசகர்: கரோலில் கிறிஸ்துமஸ் மரமே வரவில்லையே, மறந்துவிட்டாரா?

மறக்கவில்லை. 1843இல் சாதாரண ஆங்கிலேயர் வீட்டில் மரம் வைக்கும் வழக்கம் இல்லை. ராணி விக்டோரியா குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் பத்திரிகையில் வந்த பிறகுதான் அது பரவியது. 1850இல் டிக்கன்ஸ் எழுதிய கட்டுரையில்கூட அதை அழகான ஜெர்மன் பொம்மை என்றுதான் சொல்கிறார்.

சென்னை வாசகி: குடும்பம், அடுப்பங்கரை, பாசம் என்று எழுதியவர் மனைவியை வீட்டைவிட்டு அனுப்பியவர்தானே மேடம்? அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

சொல்ல வேண்டியதுதான். கேத்தரின் டிக்கன்ஸ் 1851இல் புனைபெயரில் ஒரு சமையல் புத்தகம் போட்டார். இன்று இரவு என்ன சாப்பாடு என்று கேட்கிற தலைப்பு. உள்ளே இத்தனை பேருக்கு இன்னின்ன பதார்த்தம் என்று பட்டியல்கள். அந்த வீட்டு விருந்துகள் எப்படி இருந்திருக்கும் என்று அதைப் பார்த்தாலே தெரியும். பத்துப் பிள்ளைகள், இருபத்திரண்டு வருஷ தாம்பத்தியம். 1858இல் டிக்கன்ஸ் அவரைப் பிரித்து அனுப்பினார். அதோடு விடாமல் பத்திரிகையில் அறிக்கையும் போட்டார். மூத்த மகன் மட்டும் அம்மாவோடு போனார்.

அதற்குப் பிறகு கென்ட் மாவட்டத்தில் இருந்த கேட்ஸ் ஹில் வீட்டில் கிறிஸ்துமஸ் ஜேஜே என்று நடந்தது. 1866இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தன் வயலிலேயே ஓட்டப்பந்தயம் வைத்தார். அக்கம்பக்கத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கட்டிய கயிறு ஒன்றுகூட இடம் மாறவில்லை என்று அவருக்குப் பெருமை. பட்டியல் எழுதியவள் லண்டனில் தனியாக இருந்தாள். கரோலை நான் இன்றும் வருஷா வருஷம் படிக்கிறேன், ஆனால் இதை மறந்துவிட்டுப் படிப்பதில்லை.

திருச்சி வாசகர்: அகதா கிறிஸ்டி நன்றாகச் சாப்பிடுவாரா? கிண்டலுக்குக் கேட்கவில்லை.

கிண்டலுக்கே கேட்டாலும் பதில் உண்டு. அக்காவைக் கட்டிக்கொடுத்த ஆப்னி ஹால் என்ற பெரிய மாளிகைக்குத்தான் சிறுமி அகதா கிறிஸ்துமஸுக்குப் போவார். அப்பா 1901இல் இறந்த பிறகு அம்மாவும் மகளும் தனியாகப் பண்டிகை கொண்டாட வேண்டாமே என்று. மத்தியானச் சாப்பாட்டில் சிப்பி சூப், மீன், வேகவைத்த வான்கோழி, வறுத்த வான்கோழி, பெரிய மாட்டிறைச்சித் துண்டு, அப்புறம் புட்டிங், பை (pie), டிரைஃபிள் என்று இனிப்புகள். அந்த வீட்டுப் பையனோடு போட்டி போட்டுக்கொண்டு சாப்பிட்டதைச் சுயசரிதையில் பெருமையாகவே எழுதியிருக்கிறார்.

அதே அக்கா கணவர்தான், "உன் கொலைகள் எல்லாம் ரொம்ப நாசூக்காகப் போய்விட்டன, ரத்தம் வேண்டும்" என்று குறைப்பட்டவர். 1938இல் வந்த, துப்பறிவாளர் புவாரோவின் கிறிஸ்துமஸ் பற்றிய நாவலை அவருக்கே சமர்ப்பித்து, கேட்ட ரத்தத்தையும் தாராளமாகக் கொடுத்தார்.

சேலம் வாசகர்: கிறிஸ்துமஸ் கதை எழுதப் பிடிக்காத நாவலாசிரியர் யாராவது?

விக்டோரியா காலத்து ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப். பத்திரிகைகள் டிசம்பருக்குக் கதை கேட்டு நச்சரிக்கும். சாவு வீட்டுக்குச் சாமான் கொடுக்கிற கடைக்காரன் நிலைமைதான் தனக்கும், பிடிக்கிறதோ இல்லையோ கேட்டதைக் கொடுத்தாக வேண்டும் என்று சுயசரிதையில் புலம்புகிறார். தபால் இலாகா அதிகாரி அவர். 1852இல் சானல் தீவுகளில் தெருவோரத் தபால் பெட்டிகளை நட்டதும் அவர் சொன்ன யோசனைப்படிதான். வாழ்த்து அட்டை போடுகிற ஜனங்களுக்கு அதைவிட என்ன வேண்டும்!

புதுச்சேரி வாசகர்: ஆங்கிலேயர்களையே சொல்கிறீர்கள். ரஷ்யர்கள்?

தஸ்தயேவ்ஸ்கியைச் சொல்லாமல் விடமாட்டேன். 1849 டிசம்பர் 22, சுட்டுக்கொல்ல மைதானத்தில் நிறுத்தி, கடைசி நிமிஷத்தில் தண்டனையை மாற்றினார்கள். இரண்டு நாள் கழித்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, காலில் கிட்டத்தட்ட நான்கு கிலோ விலங்கை மாட்டிச் சைபீரியாவுக்குப் பனிவண்டியில் ஏற்றினார்கள். இது ரஷ்யாவின் பழைய நாட்காட்டித் தேதி. ஐரோப்பாவில் அப்போது ஜனவரி பிறந்துவிட்டது. வண்டி அண்ணன் குடியிருந்த வீட்டைத் தாண்டிப் போனது. தெரிந்த பத்திரிகை முதலாளி ஒருவர் வீட்டு ஜன்னல்களில் ஒரே வெளிச்சம். அங்கே மரம் வைத்து விருந்து என்றும், அண்ணன் பிள்ளைகள் போகிறார்கள் என்றும் அவருக்குத் தெரியும். அந்த வீட்டைக் கடக்கும்போதுதான் தாங்கமுடியாத துக்கம் வந்தது என்று நான்கு வருஷம் கழித்து அண்ணனுக்கு எழுதினார்.

சிறை அனுபவத்தை வைத்து எழுதிய நாவலில் ஒரு முழு அத்தியாயம் கிறிஸ்துமஸ்தான். பண்டிகைக்குச் சில நாள் முன்பே குளியல், ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுக்கும் ரொட்டிகள், அவற்றைச் சண்டையில்லாமல் சமமாகப் பங்கு போடும் கைதிகள். ஊருக்கே பண்டிகை என்றால் தனக்கும் உண்டு என்று அன்றைக்கு மட்டும் அவர்கள் முகத்தில் ஒரு பெரியமனிதத்தனம் வந்துவிடுமாம்.

ஈரோடு வாசகி: கிறிஸ்துமஸ் பரிசால் எழுத்தாளர் ஆனவர் உண்டா டீச்சர்?

உண்டு, ஹார்ப்பர் லீ. 1956இல் நியூயார்க்கில் ஒரு விமானக் கம்பெனியில் டிக்கெட் பதிவு வேலை. பண்டிகைக்குச் சொந்த மாநிலமான அலபாமாவுக்குப் போய்வர முடியாது. நண்பர் பிரௌன் தம்பதி வீட்டில் கிறிஸ்துமஸ். குறைந்த செலவில் யார் நல்ல பரிசு தேடிப்பிடிக்கிறார்கள் என்பது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. இவர் வாங்கியதில் ஒன்று 35 சென்ட் படம். எல்லோருக்கும் பரிசு வந்தது, இவருக்கு மட்டும் ஒன்றும் இல்லை. "மரத்தில் பார்" என்றார்கள். கிளையில் ஒரு கவர். உள்ளே, உனக்குப் பிடித்ததை எழுத ஒரு வருஷம் லீவு என்று ஒரு சீட்டு, அந்த வருஷத்துக்கான பணத்தோடு. வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப்பார்த்தார், அவர்கள் கேட்கவில்லை. 1960இல் வந்தது 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவல்.

தூத்துக்குடி வாசகர்: வீட்டில் பத்து வயதுப் பெண் இருக்கிறாள். அவளுக்கு வாசித்துக்காட்ட எது?

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் தன் பிள்ளைகளுக்கு எழுதிய கிறிஸ்துமஸ் தாத்தா கடிதங்கள். 1920இல் மூத்தவனுக்கு மூன்று வயதாக இருந்தபோது தொடங்கினார். தாத்தாவுக்கு வயதாகிவிட்டது, துருவத்தில் குளிர் வேறு. அதனால் எழுத்தெல்லாம் நடுங்கும். வட துருவத் தபால் தலையும் அவரே வரைவார். சில கடிதங்களைத் தபால்காரரிடமே கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து தரச்சொல்வார். பரிசு மூட்டைகளோடு மாடிப்படியில் உருண்டு விழும் பனிக்கரடியை உங்கள் மகளுக்குப் பிடிக்கும்.

கடைசிக் கடிதம் 1943, போர்க்காலம். கடைக்குட்டி பிரிசில்லாவுக்குப் பதினாலு வயது. தாத்தா யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், தெரியும் என்று அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். இந்த வருஷம் மட்டும் இன்னொரு முறை காலுறையைத் தொங்கவிடுவாய் என்று நினைக்கிறேன், உனக்குச் சின்னச் சின்னச் சாமான்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறார். அதை மட்டும் கடைசியாக வைத்து வாசியுங்கள்.