துனிசியத் தலைநகர் துனிஸில் எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. பக்கத்திலுள்ள பண்டைய நகரமான கார்த்தேஜின் இடிபாடுகளைப் பார்க்கத் தனி வழிகாட்டி வைத்துக்கொள்ள வேண்டுமா, ரயிலிலேயே போய் வந்துவிடலாமா?

ரயிலில் போக முடியும். ஆனால் கையில் இருப்பது ஒரே நாள் என்றால், வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், வழிகாட்டியில் மட்டும் பிடிக்காதீர்கள் என்பதே என் பதில். எல்லா ஊருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். இதே துனிசியாவில் எல் ஜெம் என்ற ஊருக்குப் போனால், மூன்றாம் நூற்றாண்டில் கட்டிய ரோமானிய வட்டரங்கம் இன்றும் மாடி மாடியாக எழுந்து நிற்கிறது. உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தாலே போதும், யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. கார்த்தேஜ் அப்படிப்பட்ட இடமில்லை.

யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிய ஹன்னிபாலின் ஊர் என்று பள்ளியில் படித்த நினைவோடு போய் இறங்குவீர்கள். கண்ணில் படுவதோ வசதியானவர்கள் குடியிருக்கும் அமைதியான கடலோரப் புறநகர். வெள்ளை வீடுகள், பூத்துக் குலுங்கும் மதில்கள், அவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வேலி போட்ட நிலத்துண்டுகள். அந்தத் துண்டுகளுக்குள்தான் கார்த்தேஜ் இருக்கிறது. ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையே வெயிலில் நல்ல நடை நடக்க வேண்டும். நடந்து போய்ச் சேர்ந்தாலும், முன்னால் கிடக்கும் சுவர் எந்தக் காலத்தது, யாருடையது என்று சொல்ல ஆள் இருக்காது.

இதற்குக் காரணம் அந்த நகரம் பட்ட பாடு. லெபனான் கரையிலுள்ள டயர் நகரத்துப் பினீசியர்கள் கி.மு. 814இல் இதை நிறுவினார்கள் என்பது மரபு. கி.மு. 146இல் ரோமானியர்கள் இதை எரித்து அழித்தார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து அவர்களே அதே இடத்தில் தங்கள் நகரத்தைக் கட்டினார்கள், அது ரோமானிய ஆப்பிரிக்காவின் தலைநகராக வளர்ந்தது. 439இல் ஜெர்மானிய இனத்தவரான வாண்டல்கள் வந்தார்கள், 533இல் கிழக்கு ரோமானியரான பைசாந்தியர்கள், 698இல் அரபுகள். அதன்பின் துனிஸ் பெரிய ஊரானபோது கார்த்தேஜின் தூண்களும் சலவைக்கற்களும் கட்டடப் பொருளாக வண்டியேறிப் போயின. துனிஸ் பழைய நகரத்து ஸைத்தூனா பெரிய பள்ளிவாசலின் தொழுகைக் கூடத்தைத் தாங்கி நிற்பவற்றில் பெரும்பாலானவை இப்படிப் பழைய இடிபாடுகளிலிருந்து வந்த தூண்கள்தாம். எனவே கார்த்தேஜில் நீங்கள் பார்ப்பது பல அடுக்குகளின் மிச்சம். எந்த அடுக்கில் நிற்கிறோம் என்று தெரியாவிட்டால் எல்லாமே வெறும் கல்லாகத்தான் தோன்றும்.

அம்மா, தங்கை, நான் என்று மூவரும் போயிருந்தோம். எங்கள் வழிகாட்டி தொல்லியல் படித்த பெண். பழைய நகரத்தின் உள்கோட்டையாக இருந்த பிர்சா குன்றுக்குப் போனதும், எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்த மேட்டுக்குக் கூட்டிப்போகாமல் நேராகத் தென்சரிவுக்கு இறக்கினார். அங்கே பியூனிக் காலத்து, அதாவது ரோமானியர்கள் அழிப்பதற்கு முந்தைய கார்த்தேஜியர் காலத்துக் குடியிருப்பு ஒன்றைத் தோண்டி வைத்திருக்கிறார்கள். ஒடுங்கிய நேர்த் தெருக்கள், சிறு சிறு அறைகள், சிவந்த காரைத் தரையில் பதித்த வெள்ளைக் கல் துணுக்குகள். அந்த அறைகளுக்கு நடுவே, கொஞ்சமும் பொருத்தமில்லாமல், பருத்த கல் தூண்கள் செங்குத்தாக இறங்கியிருக்கின்றன. நாங்களாகப் போயிருந்தால் அந்தத் தூண்களையும் வீட்டின் பகுதி என்றே நினைத்திருப்போம்.

அவர் சொன்ன பிறகுதான் காட்சி பிடிபட்டது. பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ரோமானியர்கள் தங்கள் பொதுச் சதுக்கத்துக்காகக் குன்றின் உச்சியையே வெட்டிச் சமப்படுத்தினார்கள். வெட்டிய மண்ணைச் சரிவில் கொட்டி மேடையை அகலப்படுத்தினார்கள். அந்த மண் சரியாமலிருக்க நிறுத்தியவை அந்தத் தூண்கள். எரிந்துபோன வீடுகள் அந்த மண்ணுக்கு அடியில் மூடிக் கிடந்ததால்தான் நமக்கு மிஞ்சின. குன்றின் மேலே இருந்தவை போனவை போனவைதான்.

அம்மாவுக்கு உடனே எழுந்த கேள்வி, இத்தனை நெருக்கமான வீடுகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது. வழிகாட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு வீட்டின் தரையில் இருந்த குழியைக் காட்டினார். நீண்டு ஒடுங்கி, இரு முனையும் வளைந்த தொட்டி, உட்புறம் காரை பூசியது. கூரையில் விழும் மழைநீர் வந்து சேரும் இடம். வீட்டுக்கு வீடு இப்படி ஒன்று உண்டாம். அதன் ஓரத்தில் அம்மா வெகுநேரம் நின்றார். அதன்பிறகு அப்பியன் என்ற பழைய வரலாற்றாசிரியர் எழுதிவைத்த, கார்த்தேஜை அழித்த கடைசிப் போரைப் பற்றி வழிகாட்டி சொன்னார்: சந்தையிலிருந்து பிர்சாவுக்கு ஏறும் தெருக்களின் இருபுறமும் ஆறு மாடி வீடுகள், கூரைக்குக் கூரை பலகை போட்டு ஆறு நாள் நடந்த சண்டை, முடிவில் உயிரோடு வெளியே வந்தவர்கள் ஐம்பதாயிரம் பேர். அந்தச் சண்டை நடந்த குன்றின் சரிவிலேயே நின்று அதைக் கேட்டோம். ஒருவர் உடன் வந்து சொல்லாமல் இது நடந்திருக்காது.

டோஃபெட் என்ற இடத்துக்கு வழிகாட்டி இன்னும் அவசியம். சலாம்போ பகுதியில், வீடுகளுக்கு இடையே புல் மண்டிய சின்னத் தோட்டம் போல இருக்கும். வரிசையாகக் குட்டை நடுகற்கள். சிலவற்றில் ஒரு முக்கோணம், அதன் மேல் ஒரு கிடைக்கோடு, அதன் மேல் ஒரு வட்டம்: தானித் தெய்வத்தின் சின்னம். இந்தக் கற்களுக்கு அடியில் தாழிகளில் கிடைத்தவை எரிந்த பச்சிளங் குழந்தைகளின் எலும்புகளும், ஆட்டுக்குட்டி போன்ற விலங்குகளின் எலும்புகளும். தானித்துக்கும் பால் ஹம்மோன் என்ற ஆண் தெய்வத்துக்கும் நேர்ந்துகொண்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. குழந்தைகளைப் பலி கொடுத்தார்கள் என்று கிரேக்க, ரோமானிய ஆசிரியர்கள் எழுதினார்கள். பலிதான் என்று ஒரு சாரார் இன்றும் சொல்கிறார்கள். இறந்து பிறந்தவை, பிறந்த சில நாளில் நோயில் போனவை ஆகியவற்றுக்கான தனி இடுகாடு என்று இன்னொரு சாரார் வாதிடுகிறார்கள். அந்தக் குழந்தைகள் எந்த வயதில் இறந்தன என்று எலும்புகள் காட்டுவதை வைத்தே இரு தரப்பும் பேசுகின்றன.

நல்ல வழிகாட்டியைக் கண்டுகொள்ள எனக்குத் தெரிந்த உரைகல் இதுதான். முன்பதிவு செய்வதற்கு முன் டோஃபெட்டைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். “குழந்தைகளை நெருப்பில் போட்டார்கள்” என்று ஒரே வரியில் திகில் கதையாக முடிப்பவரை விட, இரு தரப்பையும் சொல்பவரோடு உங்கள் நாள் நன்றாகப் போகும். ரோமானியர்கள் நகரத்தில் உப்புத் தூவினார்கள் என்ற கதையையும் கேட்டுப் பாருங்கள். பண்டைய ஆசிரியர் ஒருவர்கூட அதை எழுதவில்லை, பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட கதை அது. அதை அவரே திருத்திச் சொன்னால் தயங்காமல் பேசி முடித்துவிடலாம்.

டோஃபெட்டிலிருந்து சில நிமிட நடையில் துறைமுகங்கள். இன்று பார்த்தால் சிறு படகுகள் மிதக்கும் இரண்டு குளங்கள், அவ்வளவே. ஆனால் வட்டமான குளம்தான் போர்க்கப்பல் துறை, நடுவிலுள்ள தீவு கடற்படைத் தலைவரின் இடம். 220 கப்பல்களுக்குக் கொட்டகை இருந்தது என்றும், வாயிலை இரும்புச் சங்கிலியால் அடைத்தார்கள் என்றும், வணிகத் துறையில் நிற்பவர்களுக்குப் போர்க்கப்பல்கள் தெரியாதபடி இரட்டைச் சுவர் எழுப்பினார்கள் என்றும் அப்பியன் எழுதுகிறார். தீவில் தோண்டியபோது கப்பல் ஏற்றும் சரிவுத் தளங்களின் அடையாளங்கள் கிடைத்தன. தங்கை அந்தக் கரையை விட்டு வரவே மறுத்தாள்.

ரோமானியர் கட்டிய ஆன்டொனைன் குளியல் மண்டபம் மட்டும் யார் போனாலும் பிரமிக்க வைக்கும், கடலுக்கு அப்படி நெருக்கமாக இருக்கிறது. அங்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் நடப்பது குளியல் அறைகளில் இல்லை. அவை மேலே இருந்தன. எஞ்சியிருப்பது அடித்தளம், அதாவது உலைகளும் வேலையாட்கள் புழங்கிய வழிகளும். மறுபடி நிறுத்திவைத்திருக்கும் ஒற்றைத் தூண் சுமார் 15 மீட்டர் உயரம். அதைப் பார்த்து மேல்தளம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இதற்கான தண்ணீர் ஸக்வான் மலையிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் கால்வாயில் வந்தது. குடியரசுத் தலைவரின் மாளிகை பக்கத்திலேயே இருப்பதால் அந்தத் திசையில் கேமராவைத் திருப்பாதீர்கள், காவலர்கள் உடனே தடுப்பார்கள்.

இனி ஏற்பாடுகள். வாடகை ஓட்டுநரும் வழிகாட்டியும் ஒன்றல்ல. ‘தனிச் சுற்றுலா’ என்று விற்பதில் சில வெறும் காரும் டிரைவரும்தான், அவர் வாசலில் இறக்கிவிட்டு நிழலில் காத்திருப்பார். தேசிய சுற்றுலா அலுவலகம் வழங்கிய அடையாள அட்டை உள்ள வழிகாட்டி உள்ளே கூடவே வருவாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டணம் ஆளுக்கா, வண்டிக்கா என்பதும் முக்கியம். வண்டிக்கு என்றால் நான்கு பேர் குடும்பத்துக்குப் பெரிதாகத் தெரியாது. கம்பளக் கடை, வாசனைத் திரவியக் கடை வேண்டாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஒரு மணி நேரம் தேநீரிலேயே போய்விடும், ஒரு நாள் பயணத்தில் அது பெரிய இழப்பு. கார்த்தேஜின் பல இடங்களுக்கும் ஒரே டிக்கெட்தான், கடைசி இடம் வரை பத்திரமாக வைத்திருங்கள். துனிசிய தினாரை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதால் தேவைக்கு மேல் மாற்றாதீர்கள். வயதானவர்கள் உடன் வந்தால் வண்டி கட்டாயம் வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஏறி இறங்க முடிந்ததால்தான் அம்மாவால் எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது.

துனிஸிலுள்ள பார்டோ அருங்காட்சியகத்தைச் சேர்க்கலாமா? கட்டாயம் சேருங்கள், ஆனால் திங்கட்கிழமை விடுமுறை. வெயில் ஏறும் முன் கார்த்தேஜ், மதியத்துக்கு மேல் பார்டோ என்று வைத்துக்கொண்டால் கூரைக்கு அடியில் இளைப்பாறலாம். இடிபாடுகளில் சுவர்களை மட்டும் பார்த்த கண்ணுக்கு அந்த வீடுகளின் தரை எப்படி இருந்தது என்பது இங்கேதான் தெரியும். கார்த்தேஜில் கிடைத்த ‘யூலியஸ் பிரபு’ மொசைக்கின், அதாவது சிறு நிறக் கற்களைப் பதித்துச் செய்த தரைச் சித்திரத்தின் முன்னால் நேரம் எடுத்து நில்லுங்கள். நடுவில் பண்ணை மாளிகை, சுற்றிலும் ஆண்டின் பருவங்கள், ஒலிவக் காய் உதிர்ப்பவர்கள், வாத்துகள். கீழே ஒரு பக்கம் தூணில் சாய்ந்து நிற்கும் எசமானிக்குப் பணிப்பெண் கழுத்தணியை நீட்டுகிறாள். மறுபக்கம் அமர்ந்திருக்கும் எசமானருக்கு ஒருவன் ஓலைச் சுருளைத் தருகிறான், அதில் அவர் பெயரே எழுதியிருக்கிறது. ரோமானியக் கவிஞர் விர்ஜில் இரு கலைத்தேவியருக்கு நடுவே அமர்ந்திருக்கும் புகழ்பெற்ற மொசைக்கும் இங்கேதான், அது சூஸ் நகரில் கிடைத்தது. 2015 மார்ச்சில் இந்த அருங்காட்சியகத்தில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் சுற்றுலாப் பயணிகள் பலர் உயிரிழந்தார்கள். அங்கே சற்று நின்று அவர்களை நினைத்துக்கொண்டோம்.

கார்த்தேஜுக்கு அடுத்துள்ள சிதி பூ சயித் கிராமத்துக்கு வழிகாட்டி தேவையே இல்லை. நீலக் கதவுகள், வெள்ளைச் சுவர்கள், கீழே வளைகுடா. 1915 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் இசை ஆய்வாளரான எர்லாஞ்சே பிரபுவின் மாளிகையில் உள்ள இசைக்கருவிகளைப் பார்க்கலாம். மெதுவடை வடிவில் சுடச்சுடப் பொரித்துச் சர்க்கரை தூவித் தரும் பம்பலூனியை விட்டுவிடாதீர்கள். மதீனா எனப்படும் துனிஸின் பழைய நகரத்தை மட்டும் இதே நாளில் திணிக்காதீர்கள், அதற்குத் தனியாக அரை நாளாவது வேண்டும்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காய்கறிச் சாலட் என்று கேட்டாலும் மேலே சூரை மீனும் முட்டையும் வைத்துத் தருவது அங்கே வழக்கம். கோதுமை ரவையில் செய்யும் காய்கறி குஸ்குஸைக்கூட இறைச்சிச் சாற்றில் வேகவைப்பதுண்டு. ஆர்டர் கொடுக்கும்போதே வழிகாட்டியை விட்டு அரபியில் சொல்லச் சொல்லுங்கள்.

வழிகாட்டிக்குப் பணம் ஒதுக்கவே முடியாது என்றால் மட்டும் ரயில். ஹபீப் பூர்கீபா அவென்யூவின் கடல்பக்க முனையிலுள்ள துனிஸ் மரீன் நிலையத்தில் டிஜிஎம் ரயில் ஏறுங்கள். கார்த்தேஜ் சலாம்போவில் இறங்கி டோஃபெட், துறைமுகங்கள் பார்த்துவிட்டு, பிர்சா, குளியல் மண்டபம் என்று முடித்து, கார்த்தேஜ் ஹன்னிபால் நிலையத்தில் மறுபடி ஏறினால் சிதி பூ சயித். தொப்பியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். முந்தின இரவு தென்சரிவுக் குடியிருப்பின் வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள், ரோமானியத் தூண் எது, பியூனிக் சுவர் எது என்பதையாவது பிரித்து அறியலாம்.